முர்ஜோவின் சாவு நோட்டீஸ்

பல்கேரியாவுல, டான்யூப் ஆத்தங்கரையில ஒரு சின்ன ஊரு. அங்க எந்த நாயும் அநாதையா திரியக்கூடாதுன்னு நகராட்சி ஒருமனதா தீர்மானம் போட்டு, எல்லா நாய் கழுத்துலயும் ஊசி வழியா அரிசி அளவு சிப் ஒண்ணை வெச்சிச்சு. சிப்புக்குள்ள ஒரு நம்பர். அந்த நம்பர்தான் நாய். வாலு, காது, குரைப்பு எல்லாம் துணை ஆவணம்.

டஃபிங்காவோட நாய் முர்ஜோ, கசாப்புக்கடை வாசல்ல நாக்கைத் தொங்கப் போட்டுட்டு நின்னப்ப நாய்வண்டிக்காரங்க அள்ளிட்டுப் போயிட்டாங்க. அடுப்புல பனிட்சா பலகாரம் கருகறதைக்கூடப் பாக்காம அவ நகராட்சி ஆபீசுக்கு ஓடினா. அலுவலர் மின்செவ், நாய் கழுத்துல கருவியை வெச்சுப் பாத்தார். மெதுவா தொப்பியைக் கழட்டினார்.

"ஆழ்ந்த அனுதாபங்கள். உங்க நாய் காலமாயிடுச்சு."

"இதோ என் கையை நக்குதே சார்!"

"நக்கறது அடையாளம் ஆகாதும்மா. சிப் உங்க வீட்டுக்காரர் குஸ்மான் பேர்ல இருக்கு. அவர் போய் மூணு வருஷமாச்சு. உடையவருக்கும் நாய்க்கும் ஒரே நம்பர். ஒருத்தர் போனா கம்ப்யூட்டர் இன்னொருத்தரையும் கூடவே அனுப்பிடும்."

"இப்ப என்னதான் பண்ணப் போறீங்க?"

"வெள்ளிக்கிழமை சடலத்தை எரிச்சிடுவோம்."

"அடப்பாவிகளா, உயிரோடயா?"

"பதிவேட்டின்படி உயிரில்லாமத்தான். அதுக்கு ஒண்ணும் தெரியாது."

அழுதுட்டே வீடு திரும்பினவ, தன் வீட்டுக் கதவுல இன்னும் கிழிக்காம இருந்த குஸ்மானோட சாவு நோட்டீஸைப் பாத்தா. அந்த ஊர்ல யாரு செத்தாலும் போட்டோ போட்டு நோட்டீஸ் அடிச்சு, கதவுலயும் கம்பத்துலயும் ஒட்டணும். ஒட்டினாத்தான் செத்தவர் செத்தவர்.

வியாழக்கிழமை காலைல நகராட்சிக் கதவுல முர்ஜோ போட்டோ சிரிச்சுது. 'எங்கள் ஆருயிர் முர்ஜோவின் பிரிவால் வாடும் குடும்பத்தார்.'

"சடலத்தை வாங்க வந்திருக்கேன் சார். குடும்பத்துக்கு உரிமை உண்டுல்ல?"

"இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா!" மின்செவுக்கு ஒரே சந்தோஷம். சிப்பை அவ பேருக்கு மாத்தி, 'சடலம் பெற்றவர்' கட்டத்துல கையெழுத்து வாங்கினார். சடலம் துள்ளிக்கிட்டு வெளிய வந்து, தன் நோட்டீஸ் மேலயே காலைத் தூக்கிச்சு.

செத்த நாய்க்கு வாய்மூடி வேண்டாம், கயிறு வேண்டாம், வண்டி பயமும் இல்ல. விஷயம் பரவினதும் ஊரே நோட்டீஸ் அடிச்சுது. மாசக் கடைசில பதிவேட்டுல உயிரோட ஒரு நாய் இல்ல. 'தெருநாய் இல்லா நகரம்'னு தலைநகரத்துலேர்ந்து கேடயம் வந்துது. மேயர் பேசப் பேச முந்நூறு நாய் குரைச்சுது. சட்டத்துக்குக் கட்டுப்பட்ட ஜனங்க. ஒருத்தர் காதுலயும் விழல.

அப்புறம் எலக்‌ஷன் வந்துது. டஃபிங்கா நல்ல துணி உடுத்தி, முர்ஜோவோட ஓட்டுப் போடப் போனா. மேஜைல அதே மின்செவ். தொப்பியைக் கழட்டினார்.

"ஆழ்ந்த அனுதாபங்கள். நீங்க இறந்துட்டீங்கம்மா. முர்ஜோ உங்க பேர்லதானே போச்சு? ஒரே நம்பர்."

திரும்பிப் பாத்தா. வரிசைல ஊரே நிக்குது, கையில நாயோட. "அப்ப இவங்களும்...?"

"எல்லாருமே."

"எங்க ஓட்டு என்னாகும்?"

"கவலைப்படாதீங்க. செத்தவங்க ஓட்டெல்லாம் காலைலயே விழுந்தாச்சு. உங்க வீட்டுக்காரர் செத்ததுலேர்ந்து ஒரு எலக்‌ஷனைக்கூட விட்டதில்லையே!"

மேயர் நூத்துக்கு நூறு வாங்கி ஜெயிச்சார். வெளிய முர்ஜோ தொண்டை கிழியக் குரைச்சுது. யாருக்கும் கேக்கல. செத்தவங்களுக்கு எப்படிக் கேக்கும்?