போலாமா தாப்பா சார்?

கடலூர் மாவட்டத்தில் இருக்கிற அத்தனை கக்கூஸ் கதவுகளையும் உள்ளே நின்று பார்த்த ஒரே மனிதர் எங்கள் தாப்பா சார்தான். இதை நான் புகழ்ச்சியாகச் சொல்லவில்லை. அந்த மனிதரின் கழுத்தை நான் நெரிக்காமல் விட்டது என் பொறுமையால் அல்ல. எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிய நேரங்களில் எல்லாம் அவர் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நின்றார், அவ்வளவுதான்.

தாழ்ப்பாளை எங்கள் பக்கத்தில் தாப்பா என்போம். பம்ப்செட் விற்கிற ஒரு கம்பெனியில் நான் சிதம்பரம் கிளையில் இருந்தேன், அவர் கடலூர் ஆபீஸில் ஸ்டோர் கீப்பர். அவருக்கென்று ஒரு நல்ல பெயர் இருந்தது, ஆனால் அது சம்பளப் பட்டியலோடு சரி. அவருடைய டிபன் பையில் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்க்ரூ டிரைவர், காகிதப் பொட்டலத்தில் நாலைந்து திருகாணி, புத்தம்புதிதாக ஒரு தாழ்ப்பாள் எப்போதும் இருக்கும். கல்யாணமோ காதுகுத்தோ, வாசலில் சந்தனம் எடுப்பதற்கு முன்னால் "பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்று கேட்பார். பாவம், அவசரம் போல என்று வழிகாட்டுவார்கள். அவரோ நேராக லேடீஸ் பக்கம் போய், மூன்று தடவை இருமி, யாரும் இல்லை என்று தெரிந்த பிறகு உள்ளே நுழைவார். தாழ்ப்பாளைப் போடுவார், எடுப்பார், மறுபடியும் போடுவார், கதவைத் தோளால் ஓர் இடி இடிப்பார். வெளியே வந்து தீர்ப்பு சொல்வார். இரண்டே தீர்ப்புதான். ஒன்று "போலாம்பா." இன்னொன்று "போவ முடியாதுபா."

எங்கள் முதலாளி நெல்லிக்குப்பம் ரோட்டில் மாடி வீடு கட்டி, ஸ்டாஃப் எல்லாரையும் விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார். பளிங்குத் தரையைப் பார்த்து நாங்கள் வாயைப் பிளந்துகொண்டிருந்தபோது தாப்பா சார் உள்ளே இருந்து வந்தார். "சார், வீடு பிரமாதம். ஆனா போவ முடியாது" என்றார்.

"ஏன் அதுக்குள்ள போறீங்க? சாப்ட்டுட்டு போலாமே" என்றார் முதலாளி.

"நான் போறத சொல்லல சார். போறத சொன்னேன்."

அதைப் புரிந்துகொள்ள முதலாளிக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் அவர் முகம் போன போக்கில், அந்த வருஷம் எங்களுக்குச் சம்பள உயர்வு கிடையாது என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

இப்படிப்பட்ட மனிதரோடுதான் 2009 மே மாதம் கடற்கரையில் டென்ட் அடித்துத் தங்க இடம் பார்க்கப் போனேன். இரண்டு ஆபீஸிலும் சேர்த்து எட்டுக் குடும்பம், இரண்டு பகல், ஓர் இரவு. அப்போதுதான் எங்கள் கரையோரத்தில் சவுக்குத் தோப்புக்குள் நாலு டென்ட் போட்டு 'ஃபேமிலி கேம்ப்' என்று போர்டு மாட்டுகிற வழக்கம் வந்திருந்தது. ஏற்பாடு செய்கிற வேலையை நானாகவே இழுத்துப் போட்டுக்கொண்டேன். அதற்குக் காரணம் கலா.

கலா என் மனைவி. எங்கள் ஊர் ஆபீஸ்களில் மனைவியை மனைவி என்று சொல்லமாட்டார்கள். ஃபேமிலி என்பார்கள். "ஃபேமிலி வரலியா?" என்றால் பெண்டாட்டி எங்கே என்று அர்த்தம். கல்யாணமான புதிதில் ஒரு தடவை வந்ததோடு சரி, ஒன்பது வருஷமாக எந்த டூருக்கும் என் ஃபேமிலி வந்ததில்லை. கிளம்புகிற அன்று தலைவலி என்பாள். என் சிநேகிதர்களைப் பிடிக்கவில்லை, என்னோடு வெளியே வரப் பிடிக்கவில்லை என்று நானே நினைத்துக்கொண்டு உள்ளுக்குள் புழுங்குவேன். பக்கத்து மேஜை ரவி வேறு எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றுவான்.

"மச்சான், உனக்கு நெசமாவே கல்யாணம் ஆயிடுச்சா? இல்ல ஸ்டுடியோல போட்டோ மட்டும் புடிச்சி மாட்டி வச்சிருக்கியா?"

இந்தத் தடவை கேட்டபோது கலா, "எடத்த பாத்துட்டு வந்து சொல்லுங்க. பாக்கலாம்" என்றாள். ஒன்பது வருஷத்தில் எனக்குக் கிடைத்த முதல் 'பாக்கலாம்'. எங்கள் ஏழு வயது மகள் அதைக் கேட்டு, அம்மாவோடு கடலில் கால் நனைக்கப் போவதாகத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். சனிக்கிழமைக்குள் இடம் முடிவாகாவிட்டால் வழக்கம் போல ஆம்பிளைகள் மட்டும் போய்விடலாம் என்று ரவி ஆள் சேர்க்கவும் ஆரம்பித்துவிட்டான். அந்த நேரம் பார்த்து முதலாளி, "ஃபேமிலியோட போறீங்க, தாப்பாவையும் கூட்டிக்கிட்டு போயி பாருங்க" என்றார். அவர் பழைய விருந்துக்குப் பழி வாங்குகிறார் என்றுதான் நினைத்தேன்.

முதல் இடம் தேவனாம்பட்டினத்தைத் தாண்டி. நீல டென்ட், கயிற்று ஊஞ்சல், எதிரே கடல். எனக்கு அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. இடத்துக்காரர் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "கவலையே படாதீங்க சார், ஃபுல்லா ஃபேமிலி வர்ற எடம்" என்றார்.

"ஃபேமிலி வர்ற எடம் சரி. ஃபேமிலி போற எடம் எங்க?" என்றார் தாப்பா சார்.

தென்னந்தட்டி நாலு பக்கம், நடுவில் சாக்குத் திரை. தாப்பா சார் இருமவே இல்லை. தூரத்தில் நின்றே, "போவ முடியாதுபா" என்று வண்டியில் ஏறிக்கொண்டார்.

இரண்டாவது இடம் சாமியார்பேட்டைக்குத் தெற்கே. சவுக்கு நிழல், மீன் வறுவல், குழந்தைகளுக்கு மணல் மேடு. கக்கூஸுக்குச் சுவர் இருந்தது, மரக்கதவு இருந்தது, தாழ்ப்பாளும் இருந்தது. அப்பாடா என்று நான் மூச்சு விட்டேன். தாப்பா சார் இருமினார், நுழைந்தார், சாத்தினார். டக் என்று தாழ்ப்பாள் விழுந்தது. அதன் பிறகு சத்தமே இல்லை.

"என்னா சார்?"

"தாப்பா இருக்குதுபா. நல்லாதான் விழுவுது. ஆனா வர மாட்டேங்குது."

உப்புக் காற்றில் துருப்பிடித்து அது சிக்கிக்கொண்டது. அரை மணி நேரம் அவர் உள்ளே, நான் வெளியே வெயிலில். பதற்றமே இல்லாமல் உள்ளிருந்து அறிக்கை வேறு வாசித்தார். ஜன்னல் சின்னது, பக்கெட்டுக்குக் காது இல்லை, கதவுக்கு அடியில் நாலு விரற்கடை இடைவெளி. இடத்துக்காரர் "கூட்டத்துல யாராச்சும் மாட்டிக்கிட்டா தட்டுவாங்க சார், நாங்க வந்து எடுத்துவுடுவோம்" என்று எனக்குச் சமாதானம் சொன்னார். தாப்பா சாரை அப்படியே விட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு சிதம்பரம் போய்விடலாமா என்று சத்தியமாக யோசித்தேன். ஸ்க்ரூ டிரைவர் இருந்த பை என் கையில்தான் இருந்தது. கடைசியில் ஜன்னல் வழியாக அதைக் கொடுத்தேன், அவரே கழற்றிக்கொண்டு வந்தார்.

"போனா வர முடியாதுபா" என்றார். அதுவரை நான் கேட்டிராத மூன்றாவது தீர்ப்பு.

பரங்கிப்பேட்டைக்குப் போகிற வழியில் பின்சீட்டில் உட்கார்ந்திருந்த அவரிடம் கேட்டேவிட்டேன். "ஏன் சார் இப்படி? வீட்ல யாருக்காச்சும் எதாச்சும் ஆயிடுச்சா?" கேட்கும்போதே எனக்குக் கொஞ்சம் இரக்கமும் வந்தது, அதற்காகவும் கோபம் வந்தது.

"அதெல்லாம் ஒண்ணுமில்லபா. என் கல்யாணத்தன்னிக்கி காலையில மண்டபத்து பாத்ரூம்ல நின்னுக்கிட்டிருந்தேன். தவில்காரரு கதவ தொறந்துட்டாரு. மேல்பட்டாம்பாக்கத்து ஆளு. மன்னிச்சிக்கங்க மாப்ளன்னு சொல்லிட்டு சாத்திட்டாரு. அப்பறம் மணவறையில அவரு என்னையே பாத்து வாசிக்கிறாரு. இன்னிக்கும் தவில் சத்தம் கேட்டா எனக்கு ஒண்ணுக்கு வராது." கொஞ்ச தூரம் போன பிறகு, "எனக்கே ஒரு தடவைக்கு இப்பிடி. பொம்பளைங்களுக்கு தெனம் தெனம்" என்றார்.

மூன்றாவது இடத்தைப் பார்த்ததும் இதுதான் என்று தீர்மானித்துவிட்டேன். பரங்கிப்பேட்டையைத் தாண்டித் தோப்புக்குள் இருந்தது. டைல்ஸ் ஒட்டிய கக்கூஸ், குழாயில் தண்ணீர், இரும்புக் கதவு, விரல் தடிமனுக்குத் தாழ்ப்பாள். தாப்பா சார் அதைப் பார்த்து முதன்முதலாகத் தலையை ஆட்டினார். பிறகு கதவின் மறுபக்கத்தைப் பார்த்தார். தாழ்ப்பாள் வெளியே இருந்தது. உள்பக்கம் வழவழவென்று வெறும் தகடு.

"மேஸ்திரி மாத்தி வச்சிட்டான். யாராச்சும் ஒருத்தர் வெளியில நின்னு போட்டுவுட்டா ஆச்சி" என்றார் இடத்துக்காரர். இரும்புத் தகட்டில் தாப்பா சாரின் திருகாணி ஏறாது.

"போவ முடியாதுபா."

அன்று வெள்ளிக்கிழமை. எனக்குள் என்னவோ அறுந்துபோயிற்று. தோப்பே அதிரக் கத்தினேன். "நாம கடல பாக்க வந்தமா, கக்கூஸ பாக்க வந்தமா? ஒம்போது வருஷம் கழிச்சி என் ஃபேமிலி வர்றேன்னு சொல்லியிருக்குது சார். அத கெடுக்குறதுக்குன்னே வந்திருக்கீங்களா நீங்க?"

அவர் ஸ்க்ரூ டிரைவரைப் பைக்குள் வைத்தார். "ஒம்போது வருஷமா ஏன் வரலன்னு கேட்டியாபா?"

"தலைவலி."

"ஒம்போது வருஷமாவா?"

வண்டியை எடுத்தேன். அந்தக் கோபத்தோடு வீட்டுக்குப் போய் கலாவிடம் ஆதியோடந்தமாகக் கொட்டினேன். சாக்குத் திரை, சிக்கிய தாழ்ப்பாள், தகட்டுக் கதவு எல்லாவற்றையும். அவளும் என்னோடு சேர்ந்து திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"அவரு உள்ள போயி சாத்தி பாத்தாரா? ஒவ்வொரு எடத்துலயும்?"

"ஆமா. பைத்தியம்."

"கல்யாணம் ஆன புதுசுல உங்க ஆளுங்களோட வேன்ல போனமே, ஞாபகம் இருக்கா? காலையில அஞ்சு மணிக்கி கெளம்பி ராத்திரி வீட்டுக்கு வர்ற வரைக்கும் நான் ஒரு வாய் தண்ணி குடிக்கல. வழியில நீங்கல்லாம் வண்டிய நிறுத்தி நிறுத்தி புளியமரத்து பக்கம் போனீங்க. நாங்க ஆறு பொம்பளைங்க ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தம்." புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "தலைவலின்னு நான் பொய் சொல்லல. டூருன்னு சொன்னாலே முந்தின நாள்லேர்ந்தே தண்ணிய கொறச்சிடுவேன். தலை வலிக்காம என்னா பண்ணும்?"

நான் அந்த வேனில் இருந்தேன். புளியமரத்துக்கு மூன்று தடவை போனவன் நான். நல்ல காற்று என்று சொல்லிக்கொண்டே திரும்பி வந்தது கூட நினைவிருக்கிறது. அதுவரை ஊர் மேல், தாப்பா சார் மேல், கலா மேல் என்று சுற்றிச் சுற்றி வந்த கோபம் அன்று ராத்திரி வேறு யார் மேலும் போகாமல் என் மேலேயே உட்கார்ந்துகொண்டது. இப்போது இதை எழுதும்போதும் எழுந்து போகவில்லை.

"அவரு வர்றாருன்னா நானும் வர்றேன்" என்றாள் கலா.

சனிக்கிழமை காலை தாப்பா சார் வீட்டு வாசலில் நானே போய் நின்றேன். மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை, எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. வண்டியை உதைத்து "ஏறுங்க" என்றேன்.

கிள்ளைப் பக்கத்தில் ஓர் இடம் கிடைத்தது. பார்க்க லட்சணமே இல்லை. சுனாமிக்குப் பிறகு கட்டியதால் கரையை விட்டு ரொம்பவும் தள்ளி இருந்தது. கடலைப் பார்க்க வேண்டுமானால் தோப்பைத் தாண்டி நடக்க வேண்டும். ஆனால் சிமென்ட் சுவரோடு இரண்டு கக்கூஸ். ஒன்றில் தாழ்ப்பாள் சுத்தமாக வேலை செய்தது. இன்னொன்றில் தாழ்ப்பாளே இல்லை, நல்ல மரக்கதவு மட்டும். தாப்பா சார் பையைத் திறந்தார். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். இடத்துக்காரர் "கதவுல ஓட்ட போடாதீங்க சார்" என்று முனகினார், நான் திரும்பிப் பார்த்த பார்வையில் நிறுத்திவிட்டார்.

டக்.

"போலாம்பா" என்றார் தாப்பா சார்.

டூருக்கு வந்த ரவி இறங்கியதிலிருந்து, "கடல் எங்கடா? எங்க ஊர் கொல்லைக்கா கூட்டியாந்திருக்க?" என்று இரண்டு நாளும் புலம்பினான். தாப்பா சார் கடலைப் பார்க்கவே வரவில்லை. கக்கூஸுக்குப் போகிற பாதையின் முனையில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, கதவுகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அந்தப் பக்கம் வந்த ஆம்பிளைகளை எல்லாம் விரட்டிக்கொண்டிருந்தார். பெண்கள் சத்தம் போட்டுச் சிரித்ததை நான் அந்த டூரில்தான் கேட்டேன். அவர்களுக்கு இவ்வளவு சத்தமாகச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. பதினொரு மணி வெயிலில் மகளைக் கூட்டிக்கொண்டு கடலில் இருந்து திரும்பிய கலா, நனைந்த புடவையோடு பானைப் பக்கம் போய் ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து மடமடவென்று குடித்தாள். பிறகு இன்னொரு செம்பு மொண்டாள். வெளியூரில் அவள் தண்ணீர் குடித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

2011 கடைசியில் வந்த தானே புயலில் அந்த இடம் போய்விட்டது. கூரை எல்லாம் பறந்துவிட்டதாம். ஒரு கக்கூஸ் மட்டும் சாத்திய கதவோடு அப்படியே நிற்கிறது என்று ரவிதான் பார்த்துவிட்டு வந்து சொன்னான். எந்தக் கதவு என்று நான் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் சிதம்பரத்தில் நாங்கள் சின்னதாக ஒரு வீடு கட்டினோம். வாசல் கதவு, பூஜை அறைக் கதவு எல்லாம் ஆசாரி பார்த்துச் செய்தது. பாத்ரூம் தாழ்ப்பாளை மட்டும் நானே மூன்று தடவை கடைக்குப் போய் மாற்றி மாற்றி வாங்கினேன். கிரகப்பிரவேசத்தன்று உள்ளே ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்க, தாப்பா சார் டிபன் பையோடு வந்தார். சந்தனம் எடுக்கவில்லை. மூன்று தடவை இருமினார். நான் ஹோமத்தை விட்டு எழுந்துபோய்ப் பாத்ரூம் கதவுக்கு வெளியே, பரீட்சை முடிவுக்கு நிற்கிற மாதிரி நின்றேன். கலாவும் வந்து பக்கத்தில் நின்றாள். போட்டார், எடுத்தார், மறுபடியும் போட்டார், தோளால் ஓர் இடி இடித்தார்.

வெளியே வந்து என்னைப் பார்க்கவில்லை. கலாவைப் பார்த்து, "போலாம்மா" என்றார்.

கண்ணில் ஹோமப் புகை என்று எல்லாரிடமும் சொல்லிவைத்தேன்.