பதினைந்தடி ஹால்

வீட்டு பிளான் வரையும் ஆபீசின் கம்ப்யூட்டர் திரையில் ஹாலின் நீளம் பதினைந்து அடி என்று நின்றதைப் பார்த்ததும் விக்ரம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான்.

முதலாளி ராமானுஜ் காலையில் மேசைமேல் வைத்துவிட்டுப் போன சீட்டை மறுபடி எடுத்துப் பார்த்தான். "ஹேமாம்புஜம் டீச்சர் வீடு. ஹால் 15 x 11. சமையலறை 10 x 11. படுக்கையறை 10 x 11. கம்ப்யூட்டரில் போட்டு ஏரியா எடுத்து, நாலு மணிக்கு டீச்சரிடம் கொடு." கீழே வாசல் மாடிப்படி, கொல்லைக் குளியலறை, கிணறு எல்லாம் கோட்டுப் படமாக இருந்தது. ஹால் பதினைந்துதான். கொசுவோ ஈயோ உட்கார்ந்து வேறெதையோ பதினைந்தாக்கியதாகத் தெரியவில்லை.

பத்து நிமிடத்துக்கு முன்புவரை அது வெறும் ஒரு எண்ணாக இருந்தது. அப்புறம்தான் டீச்சர் போன் செய்தார்.

"ஏம்ப்பா, ஹேமாம்புஜம் பேசறேன். ரூமெல்லாம் மனையடிப்படி சரியா இருக்கோன்னோ? நன்னா பார்த்து வை. நாலு மணிக்கு வரேன்."

"சரியா இருக்குது டீச்சர்" என்று சொல்லிவிட்டான். பயம் வந்தால் அவன் வாய் அவனைக் கேட்காமலே ஆமாம் போடும்.

மனையடி என்றால் என்னவென்று அதற்குப் பிறகுதான் விசாரித்தான். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற வீட்டுப் பிள்ளை. அவனுக்கு எப்படித் தெரியும்? கீழே பட்டுக்கடையில் ஒரு பஞ்சாங்கம் இரவல் கொடுத்தார்கள். அறையின் நீளம் இத்தனை அடி இருந்தால் என்ன பலன் என்று அதில் ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருந்தது. பத்து நல்லது. பதினொன்று நல்லது. பதினாறு அமோகம். பதினைந்துக்கு எதிரே எழுதியிருந்ததை அவன் இரண்டாவது தடவை படிக்கவில்லை.

டீச்சர் முப்பது வருஷம் பெண்கள் பள்ளியில் கணக்கு எடுத்தவர். விக்ரமின் அம்மா மேரி அவரிடம் படித்தவள். இன்றைக்கும் தெருவில் டீச்சரைக் கண்டால், மேரி வாயில் இருக்கும் வெற்றிலையை அப்படியே விழுங்கிவிடுவாள்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. போன மாதம் ஒரு வீட்டின் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை விக்ரம் மூன்றாவது படுக்கையறையாகச் சேர்த்து ஏரியா கொடுத்துவிட்டான். "இன்னொரு தடவை ஏரியா தப்பாச்சுன்னா, மறுநாள் நீ வர வேண்டாம்" என்று ராமானுஜ் சொல்லியிருந்தார். வீட்டில் மனைவி பிரவீனாவுக்கு ஏழாவது மாதம். இந்த வேலை போனால் என்ன செய்வது என்று அவனுக்கு நிஜமாகவே தெரியாது.

ஸ்ரீபெரும்புதூர் போயிருந்த ராமானுஜின் செல்போனுக்கு ஆறு தடவை அடித்தான். ஆறு தடவையும் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தார்.

'சார் அவசரத்துல தப்பா எழுதிட்டிருப்பாரு. இந்த டீச்சராவது, பதினைஞ்சடியில ஹால் கட்டச் சொல்றதாவது!'

மௌஸைப் பிடித்து ஹாலின் பின்சுவரை ஓர் அடி தள்ளினான். ஹால் பதினாறு ஆயிற்று. மனசு லேசானது. லேசான மனசோடு கீழே பார்த்தால், சமையலறை ஒன்பதாகியிருந்தது.

பஞ்சாங்கத்தைப் புரட்டினான். ஒன்பதுக்குப் பதினைந்தே தேவலை.

சமையலறையின் பின்சுவரைத் தள்ளினான். சமையலறை பத்து, படுக்கையறை ஒன்பது. படுக்கையறைச் சுவரையும் தள்ளினான். மூன்று அறைகளும் சரியாகிவிட்டன. ஆனால் கொல்லைக் குளியலறை நகர்ந்துபோய்ப் பாதிக் கிணற்றின்மேல் உட்கார்ந்துகொண்டது. கிணற்றையும் சேர்த்துச் சதுர அடி கணக்குப் போட்டுக் காட்டியது அந்த சாஃப்ட்வேர்.

"ஐயோ, மறுபடியுமா!" என்று வாய்விட்டே அலறினான்.

எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிட்டு, சுவரின் கனத்தைக் குறைத்தால் இடம் கிடைக்குமே என்று ஒன்பது அங்குலத்தை நாலரையாக மாற்றினான். கிடைத்தது. ஒவ்வொரு அறைக்கும் நாலரை அங்குலம். பஞ்சாங்கத்தில் அங்குலத்துக்குப் பலன் போடவில்லை. அது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் இருப்பது இன்னும் பயமாக இருந்தது. போதாததற்கு, கக்கூஸ் கதவு சமையலறைக்குள் திறந்தது.

மூன்று இருபதுக்குக் கரண்ட் போனது. யுபிஎஸ் கீச் கீச்சென்று கத்தத் தொடங்கியது. பாட்டரி தாங்கும் இருபது நிமிடத்துக்குள் முடிக்காவிட்டால் அத்தனையும் போய்விடும்.

கடைசியில் சுவரை மறுபடி ஒன்பது அங்குலமாக்கிவிட்டுத் துணிந்துவிட்டான். பின்பக்கத்தைத் தொடவில்லை. வீட்டின் முன்சுவரைப் பிடித்துத் தெருப்பக்கம் ஓர் அடி இழுத்தான். ஹால் பதினாறு. இடித்துக்கொண்டு நின்ற மாடிப்படியை அலாக்காகத் தூக்கிக் கொல்லையில் வைத்தான். சமையலறை பத்து, படுக்கையறை பத்து. கிணறு கிணறாகவே இருந்தது. காகிதம் பிரிண்டரை விட்டு முழுசாக வெளியே வருவதற்கும் யுபிஎஸ் உயிரை விடுவதற்கும் சரியாக இருந்தது.

நாலு மணிக்கு டீச்சர் வந்தார். பின்னாலேயே அவர் வீட்டு மேஸ்திரி சின்னப்பையன், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறி வந்தார். விக்ரம் எழுந்து நின்றான்.

டீச்சர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உதடு அசையக் கணக்குப் போட்டார்.

"நூத்தி எழுபத்தாறு... நூத்திப் பத்து... நூத்திப் பத்து... முந்நூத்தித் தொண்ணூத்தாறு. கூட்டல் சரி."

பிறகு படத்தில் ஹாலின்மேல் விரலை வைத்தார். அப்படியே மாடிப்படிக்குக் கொண்டுபோனார். விக்ரம் மனசுக்குள் மாதாவைக் கூப்பிட்டான்.

"ஹாலைப் பதினாறாக்கினது யாரு?"

"நா... நான்தான் டீச்சர்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது.

"எல்லாரும் இருக்கறதைத்தான் வரைவா. நீ எப்படி இருக்கணுமோ அப்படி வரைஞ்சிருக்கே. நன்னா இரு." காகிதத்தை மேஸ்திரியிடம் நீட்டினார். "சின்னப்பையா, இதுல இருக்கற மாதிரியே பண்ணிடு. நாளைக்கே ஆரம்பி."

சொல்லிவிட்டு விடுவிடுவென்று படியிறங்கிப் போனார்.

விக்ரம் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். வேலை பிழைத்தது. பிரவீனாவுக்கு அல்வா வாங்கிப் போகலாம் என்றுகூடத் தோன்றியது.

"ஏன் மேஸ்திரி, நாளைக்கே அஸ்திவாரத்துக்குக் கடக்கால் தோண்டறீங்களா?" என்று சந்தோஷமாகக் கேட்டான்.

சின்னப்பையன் காகிதத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"கடக்கால் எதுக்கு தம்பி? வீடு கட்டி, அவங்க குடிவந்தே ஆறு மாசம் ஆவுது. முனிசிபாலிட்டில வரி போடறதுக்கு ஏரியா கேட்டாங்கோன்னு நான்தான் அளந்து ஒங்க சாராண்ட சொன்னேன். நாளைக்கு மொதல்ல இடிக்க வேண்டியது முன்செவுரா, மாடிப்படியா? அத்த சொல்லு."