உளவாளியும் சாய்வு நாற்காலியும்

உலகத்தை அத்தனை முறை காப்பாற்றிய உளவாளி, என் நாற்காலியையும் காப்பாற்றிவிடுவான் என்று நம்பித்தான் அந்தச் சபதத்தைச் செய்தேன்.

முதலில் நாற்காலியைச் சொல்லிவிடுகிறேன். ஹாலில் டி.வி.க்கு நேரெதிரே கிடக்கும் சாய்வு நாற்காலி. பிரம்பு அங்கங்கே விட்டுப்போயிருக்கும். ஒரு காலுக்கு அட்டையை மடித்து முட்டுக் கொடுத்திருப்பேன். என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது என் மார்பில் படுத்துத் தூங்கியது அதில்தான். நான் லிஃப்ட் மெக்கானிக். ஊரையெல்லாம் மேலே ஏற்றிவிட்டுக் களைத்து வருபவனுக்கு உட்கார உலகத்தில் இருந்த ஒரே இடம் அது. என் மனைவி கணக்கு டீச்சர். அவள் கணக்கில் அது விறகு.

"மறுபடியும் என் துணியைக் கிழிச்சிடுச்சுங்க. பழைய சாமான்காரர்கிட்ட போட்டுடறேன்."

"அவசரப்படாதே. அந்த ஆணியை அடிச்சு உள்ள தள்ளிடறேன்."

"நம்ம பொண்ணு ஸ்கூல்ல சேர்ந்தப்பவும் இதைத்தான் சொன்னீங்க. இப்ப அவளுக்குக் கல்யாணமே ஆயிடுச்சு."

எதிர்வீட்டுப் பல் டாக்டரிடம் போய்ப் புலம்பினேன். மனிதர் பல்லைப் பிடுங்குவதை விட, பிடுங்காமல் இழுத்தடிப்பதில் கெட்டிக்காரர்.

"நேரா மோதாதீங்க சார். ஏதாவது ஒரு வேலையை ஆரம்பிங்க. அது முடியற வரைக்கும் நாற்காலி வேணும்னு கேளுங்க. அப்புறம் முடிக்கவே முடிக்காதீங்க. நான்லாம் அப்படித்தான்..." என்று ஆரம்பித்தவர், என் கடைவாய்ப் பல்லுக்கு அவர்தான் வைத்தியம் பார்க்கிறார் என்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார்.

முடியாத வேலைக்கு எங்கே போவது? அலமாரியைத் திறந்தேன். அந்த உளவாளிப் படங்களின் டிஸ்க்குகள் மொத்தமும் அங்கே தூசி குடித்துக்கொண்டிருந்தன. நாங்கள் தியேட்டர் தியேட்டராகப் போய்ப் பார்த்த படங்கள். கதாநாயகர்கள் மாறினார்கள், கார்கள் மாறின, வில்லன்களின் தீவுகள் மாறின. மலையிலிருந்து உருண்டாலும் கோட்டு கசங்காத அந்த உளவாளி மட்டும் மாறவில்லை. அட்டைப் படங்களைப் பார்த்ததும், விளக்கு அணையும் நொடியில் நெஞ்சு படபடக்குமே, அந்த வயசுக்கே போய்விட்டேன். கொஞ்ச நேரம் நாற்காலியே மறந்துவிட்டது.

"எல்லாப் படத்தையும் மறுபடி பாத்து, எது ஒசத்தி எது மட்டம்னு வரிசைப்படுத்தப் போறேன்" என்று அறிவித்தேன். "அது முடியற வரைக்கும் நாற்காலியைத் தொடக் கூடாது."

"கூட நானும்தானே பாத்தேன்? ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாத்தான் அது வரிசை."

எனக்கு வாயெல்லாம் பல், கடைவாய்ப் பல் உள்பட. கல்யாணமான நாளிலிருந்து ஃபேனை எந்த எண்ணில் வைப்பது என்பதில்கூட நாங்கள் ஒத்துப்போனதில்லை.

"சரி, ஒத்துக்கிட்டா?"

"அப்பவே நாற்காலி போயிடும். அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"நான் என்னிக்கு மாறியிருக்கேன்?" என்றேன். அவள் ஓரக்கண்ணால் நாற்காலியை அளந்ததைக் கவனித்திருக்க வேண்டும்.

ஞாயிறுதோறும் ஒரு படம். நான் நாற்காலியில், அவள் தரையில், பக்கத்தில் விடைத்தாள் கட்டு. படம் முடிந்ததும் அதன் அட்டைப் பெட்டியை ஷோகேஸில் நிறுத்துவேன். இடது ஓரம் முதலிடம், வலது ஓரம் கடைசி. மறுநாள் வேலைக்குப் போய்த் திரும்பினால் எல்லாம் இடம் மாறியிருக்கும்.

"என்னம்மா இது?"

"தூசி தட்டினேன்."

"தூசி தட்டினா, முதல்ல இருந்தது கடைசிக்கா போகும்? பனிமலையில துரத்தற காட்சி வருமே, அந்தப் படம்மா இது!"

"அந்தப் படத்துக்குப் போனப்ப நம்ம பொண்ணு என் வயித்துல இருந்தா. எனக்குக் குமட்டிச்சு. வெளிய போலாம்னேன். நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொன்னேன்?"

"அவன் மலையை விட்டு இறங்கட்டும்னு சொன்னீங்க."

இன்னொரு படத்துக்குக் கார் சண்டை பிரமாதம் என்று இரண்டாம் இடம் கொடுத்தேன். அது வலது ஓரத்துக்குப் போனது. இடைவேளையில் நண்பனைப் பார்த்துப் பேசப் போனவன், திரும்பி வந்து வேறு யாரோ அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து மீதிப் படத்தைப் பார்த்தேனாம். நீர்மூழ்கிக் கப்பல் படத்துக்கு மட்டும் நடுவில் ஓர் இடம் கிடைத்தது. அன்று குளிர்கிறது என்று என் சட்டையைக் கழற்றிப் போர்த்தினேனாம், பனியனோடு உட்கார்ந்திருந்தேனாம்.

"நான் படத்துக்கு ரேங்க் போடறேன். நீ எனக்கில்ல போடற!"

"நான் டீச்சருங்க. படத்தைத் திருத்த முடியாது. உங்களையாவது திருத்தலாமே."

நான் படம் பார்த்தேன், அவள் எனக்குப் படம் காட்டினாள். ஆனாலும் உள்ளுக்குள் ஆனந்தம்தான். இந்த ஜென்மத்தில் ஒத்துப்போக மாட்டோம், நாற்காலி என் காலத்துக்குப் பிறகும் இருக்கும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இத்தனை வருஷத்தில் நாங்கள் இவ்வளவு பேசிச் சிரித்ததில்லை. ஞாயிறு எப்போது வரும் என்று லிஃப்ட் குழிக்குள் நின்றுகொண்டு ஏங்க ஆரம்பித்திருந்தேன்.

கடைசியாக ஒரே ஒரு படம் பாக்கி. வில்லன் சாவதற்கு முன்னால் நாமே செத்துவிடலாம் போலிருக்கும் படம். பின்னாளில் எப்போதோ டி.வி.யில் பாதி பார்த்திருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு கடைசி இடம் தரலாம். அன்று மாலை அதையும் பார்த்து முடித்தோம். அவள் எழுந்து, அந்தப் பெட்டியை இடது ஓரத்தில் வைத்தாள்.

"இதுவா முதல் இடம்? இதை நாம தியேட்டர்ல பாக்கவே இல்லையே!"

"பாக்கலதான். டிக்கெட் கிடைக்கல. கல்யாணமான புதுசு. நான் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டேன். நல்ல மழை. ஒரே குடையில நடந்தே வீட்டுக்கு வந்தோம். நீங்க பாக்காத படத்துக்கு நீங்களே ஒரு கதை கட்டி, வழி நெடுகச் சொல்லிக்கிட்டே வந்தீங்க. சண்டை, துரத்தல், எல்லாம் வாயாலேயே. நான் சிரிச்ச சிரிப்புல குடை மடங்கிப் போச்சு."

எனக்கு அந்தத் தெரு நினைவுக்கு வந்தது. தொப்பலாக நனைந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு விளக்குக் கம்பத்தில் சாய்ந்து சிரித்தவளும் நினைவுக்கு வந்தாள்.

"இப்பதான் நிஜப் படத்தை முழுசாப் பாத்தேன்" என்றாள். "நீங்க சொன்ன கதைதான் நல்லா இருந்துச்சு."

"இதுதாம்மா முதல் இடம்" என்றேன். "மத்ததெல்லாம் நீ வச்ச வரிசைப்படியே இருக்கட்டும். நான் ஒத்துக்கறேன்."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் அது விழுந்தது. அதற்குள் அழைப்பு மணி அடித்தது. வாசலில் பழைய சாமான்காரர், தள்ளுவண்டியோடு.

"நீ சொன்னதெல்லாம் நிஜம்தானா?" என்று கேட்டேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சத்தியமா நிஜம்" என்றாள். "பேச்சு மாறக் கூடாதுங்கறதும் நிஜம்."

நாற்காலியை ஒரு பக்கம் நான் பிடித்தேன், மறுபக்கம் அவர் பிடித்தார். வாசல்படி தாண்டும்போது மெதுவாகக் கேட்டேன். "உங்களை எப்பய்யா வரச் சொன்னாங்க?"

"நேத்தே சொல்லிட்டாங்க சார். படம் முடிஞ்சதும் வாங்க, ஒண்டியாத் தூக்க வேண்டாம், அவரே ஒரு கை பிடிப்பாருன்னாங்க."