பில்லு அண்ணனும் கருவாட்டுக் கேமராவும்

முதலில் என் புத்திசாலித்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் கேள்விப்பட்டால் இன்னும் அசிங்கம். நனைந்துபோன கேமராவை உப்புச் சாக்குக்குள் மூன்று நாள் புதைத்து வைத்தவன் நான்.

காரணம் இருக்கிறது. முட்டாள்தனம் செய்கிறவன் எவனும் காரணமில்லாமல் செய்வதில்லை. மரக்காணம் உப்பளத்தில் விடியற்கால வெளிச்சத்தைப் படம் எடுக்கிறேன் என்று வரப்பின்மேல் பின்பக்கமாக நடந்தேன். வரப்பு ஓரிடத்தில் முடிந்தது. என் நடை முடியவில்லை. அடுத்த நொடி நானும் கேமராவும் வாய்க்காலுக்குள் உட்கார்ந்திருந்தோம்.

நனைந்த சாமானை அரிசியில் போட்டால் ஈரத்தை இழுத்துவிடும் என்று ஏதோ ஒரு வீடியோவில் யாரோ ஒருவர் சொல்லியிருந்தார். வீட்டுக்கு வந்து அரிசி டிரம்மைத் திறந்தேன். என் மனைவி மூடினாள்.

“சோத்துக்கு வெச்சிருக்கற அரிசிங்க அது. கண்டதையும் போடாதீங்க.”

அப்போதுதான் என் மூளை தப்பான நேரத்தில் வேலை செய்தது. அரிசியைவிட வேகமாக ஈரத்தை இழுப்பது எது? மழைக்காலத்தில் டப்பாவுக்குள் இருந்தபடியே கசிந்து நிற்பது எது? நான் வேலை பார்ப்பதே உப்பு டிப்போவில். வீட்டு மூலையில் அரைச் சாக்கு கல்லுப்பு கிடந்தது. பெரிய விஞ்ஞானியின் நிதானத்தோடு கேமராவை அதற்குள் இறக்கி, மேலே இரண்டு கை உப்பைப் போட்டு மூடினேன்.

“நம்ம ஊருல மீனத்தான் இப்பிடிப் போடுவாங்க” என்றாள் அவள்.

மூன்றாம் நாள் எடுத்தபோது அது கருவாடாகத்தான் இருந்தது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்தக் கருவாட்டால் பில்லு அண்ணனின் பெயரும் கெட்டது.

பில்லு அண்ணனைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். கோட்டக்குப்பத்திலிருந்து மரக்காணம் வரைக்கும் இந்தக் கடலோரத்தில் ஒரு மிக்ஸியோ ஃபேனோ ஒழுங்காக ஓடுகிறதென்றால், அதைச் செய்த கம்பெனியின் திறமையால் அல்ல. பில்லு அண்ணனுக்குத் தெரிந்துவிடுமே என்ற பயத்தால்.

எங்கள் டிப்போவில் எடைமேடை அவர் பொறுப்பு. லாரி காலியாக வரும்போது ஒரு எடை, உப்பு ஏற்றிக்கொண்டு போகும்போது ஒரு எடை. ஜன்னல் வழியாகச் சீட்டை நீட்டுவார். அவர் உண்மைப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. யார் எதை வாங்கிக்கொண்டு எதிரே போனாலும் அவர் வாயில் வரும் முதல் கேள்வி “பில்லு இருக்குதா?” என்பதுதான். பிறந்த குழந்தையைக் காட்டப் போனவர்களிடமும் அப்படிக் கேட்டதாகச் சொல்வார்கள். அது பொய். குழந்தைக்கு வைத்திருந்த கொசுவலையைப் பார்த்துத்தான் கேட்டார்.

அவர் வீட்டில் டிவி ரிமோட் இன்னும் பாலித்தீன் உறைக்குள்தான் இருக்கிறது. ஃபிரிட்ஜ் அது வந்த தெர்மோகோல்மேல் நிற்கிறது. பரணில் சாமான்களே கிடையாது. சாமான்கள் வந்த அட்டைப்பெட்டிகள் மட்டும். அவர் செல்போனில் ஒரு மனித முகம்கூடக் கிடையாது. இருப்பதெல்லாம் பில், சீரியல் நம்பர், ஸ்விட்ச் போர்டு.

ஒருமுறை பிஸ்கட் பாக்கெட்டின் அட்டையில் ஐந்து முந்திரி போட்டிருந்தது. உள்ளே ஒன்றுகூட இல்லை. எழுதிப் போட்டார். பயந்துபோன கம்பெனி ஒரு பெட்டி நிறைய பிஸ்கட் அனுப்பியது. பிரிக்காமல் திருப்பி அனுப்பினார்.

“ஏண்ணே, பசங்களுக்காவது குடுத்திருக்கலாமே?” என்று கேட்டேன்.

“நான் கேட்டது முந்திரி.”

மிக்ஸிக்கு வாரண்ட்டி முடிகிற நாள் அவர் வீட்டில் திருவிழா. கெட்டுப்போவதாக இருந்தால் இன்றைக்கே கெட்டுப்போகட்டும் என்று தெருவில் இருக்கிற மிளகாய், மல்லி, தேங்காய் அத்தனையையும் வரவழைத்து அரைப்பார். காலையிலிருந்து மத்தியானம்வரை தெரு முழுக்கத் தும்மும். அந்த மிக்ஸி கடைசிவரை ஓடியது. அண்ணன் அதைக் குரோதத்தோடு பார்த்தார்.

“நாளைக்குப் போவும் பாரு.”

சொன்னபடி மறுநாள் போனது. இந்தக் காலத்துச் சாமான்களுக்கு இருக்கிற ஒரே ஒழுக்கம் அதுதான்.

கஸ்டமர் கேருக்கு அவர் போன் போடும்போது பக்கத்தில் இருக்கவேண்டும். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து, காத்திரு. எனக்கெல்லாம் இரண்டாவது அழுத்திலேயே வாழ்க்கை வெறுத்துவிடும். இப்போது ஒரு டார்ச் லைட் வாங்கினால்கூட ஓடிபி சொல்லி, ஸ்டார் கொடுத்து, அனுபவம் எப்படி இருந்தது என்று பத்து நாளைக்குப் பதில் சொல்லவேண்டியிருக்கிறது. வாங்கின களைப்பு தீர்வதற்குள் பேட்டரி தீர்ந்துவிடுகிறது. அண்ணனோ காத்திருக்கும்போது போடுகிற பாட்டோடு சேர்ந்து முணுமுணுத்துக்கொண்டு, லாரி எடையும் பார்த்துக்கொண்டு இருப்பார். எதிர்முனையில் ஆள் வந்ததும் குரல் மாறும்.

“துரு புடிச்சிருக்குதும்மா. ஆமா, உப்புக் காத்துதான். இங்க அதுதான் அடிக்கும். கடலோரத்துல வெச்சிக்கக் கூடாதுன்னு உங்க புஸ்தகத்துல எந்தப் பக்கத்துல போட்டிருக்குது? சொல்லு. போடலயில்ல? அப்ப ஒரு ஃபேன் வாங்கிட்டு நாங்கல்லாம் திண்டிவனத்துக்குக் குடி போவணுமா?”

ஃபேன் மாற்றித் தரப்படும்.

ஆனால் அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. கோட்டக்குப்பத்திலிருந்து ஒரு பாய் ஆட்டோவில் டிவியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கண்ணாடியில் நடுவே சிலந்திவலை மாதிரி விரிசல். தானாக விரிசல் விட்டுவிட்டது என்று எழுதித் தரும்படி கேட்டார். அண்ணன் விரிசலைத் தடவிப் பார்த்தார்.

“பாய், பந்து கம்பெனி பந்தா, நம்ம வூட்டுப் பந்தா?”

பாய் சிரித்துவிட்டார். “நம்ம பேரன் பந்துதான்.”

“அப்ப எடுத்துட்டுப் போங்க. தப்பு நம்ம பக்கம் இருந்தா நான் வாயத் தொறக்க மாட்டேன். என் பேச்சுக்கு இருக்கற மரியாதையே அதுதான்.”

உண்மைதான். பாண்டிச்சேரியில் எந்த சர்வீஸ் சென்டருக்குப் போனாலும் அவர் சொன்னால் இரண்டாம் கேள்வி கிடையாது.

இப்படிப்பட்டவரிடம் நான் கேமரா வாங்கிக் காட்டினேன். குயிலாப்பாளையம் பக்கத்தில் வெள்ளைக்காரர்கள் கழுத்தில் பெரிது பெரிதாகத் தொங்கவிட்டுக்கொண்டு திரிவதைப் பார்த்து வந்த ஆசை. என் செல்போனில் எடுத்த படங்களை அவர் ஏற்கெனவே ஒரு வார்த்தையில் தள்ளியிருந்தார். எதைக் காட்டினாலும் “லென்ஸ தொடச்சிட்டு எடு” என்பார். எத்தனை மெகாபிக்சலாக இருந்தாலும் இந்தக் காற்றில் அரை நாளில் லென்ஸ்மேல் உப்பு படிந்துவிடும். அதன் பிறகு எல்லா போனும் ஒரே போன்தான் என்பது அவர் சித்தாந்தம்.

புதுக் கேமராவில் எடுத்த முதல் படத்தைப் பெருமையாக நீட்டினேன். உப்புக் குவியல்.

“இன்னாப்பா இது, சிமெண்ட்டு கொட்டி வெச்சிருக்குது?”

உற்றுப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் அப்படித்தான் இருந்தது. அண்ணன் மேனுவலை மட்டும் வாங்கிக்கொண்டு போனார். இரண்டு நாள் கழித்துத் திருப்பித் தரும்போது பக்கங்களில் காகிதத் துண்டு சொருகியிருந்தது.

“இவ்ளோ வெள்ளையப் பாத்தா இது பயந்துக்குதுப்பா. வெளிச்சம் ஜாஸ்தின்னு நெனச்சிக் கண்ண மூடிக்குது. நீ வெளிச்சத்த ஒரு ப்ளஸ் ஏத்தி வெச்சி எடு.”

ஏற்றி வைத்து எடுத்தேன். உப்பு உப்பாக வந்தது. தன் வாழ்நாளில் ஒரு கேமராவைக் கையில் பிடிக்காத மனிதர் அவர். நான் முப்பது வீடியோ பார்த்திருந்தேன்.

பிறகுதான் அந்த வரப்பு, வாய்க்கால், சாக்கு. செத்த கேமராவோடு அவர் ஜன்னலில் நின்றேன்.

“தண்ணியில வுழுந்துதா?”

“இல்லண்ணே.”

“கீழ போட்டியா?”

“இல்லண்ணே. வெச்சது வெச்ச மாதிரியே இருந்துது. தானா நின்னுபோச்சி.”

ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்தார். கடலைப் பார்ப்பது மாதிரி நான் வேறு பக்கம் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் திட்டுவார் என்ற பயத்தைவிட, ஊர் முழுக்கச் சிரிக்குமே என்ற பயம். அவர் ஒரு நாள் லீவு போட்டார். என் கேமராவுக்காக.

பாண்டிச்சேரி சர்வீஸ் சென்டரில் கவுன்ட்டரில் இருந்த அம்மா அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அண்ணன் பையிலிருந்து பில்லை எடுத்து வைத்தார், வாரண்ட்டி கார்டை வைத்தார், உப்புக் காற்றைப் பற்றிய தன் வழக்கமான பிரசங்கத்தை வைத்தார். அந்த அம்மா தலையாட்டிக்கொண்டே கம்ப்யூட்டரில் பதிந்தார்.

“நீங்க சொன்னா சரிதாங்க சார். வேற கேமராவே குடுத்துடறோம்.”

வேறு யாராக இருந்தாலும் அத்துடன் விட்டிருப்பார்கள். அண்ணன் விடவில்லை.

“அதெல்லாம் வேணாம்மா. தொறந்து பாத்துட்டுக் குடுங்க. எங்க தம்பி பொய் சொல்ற ஆளு கெடயாது.”

மெக்கானிக் வந்தார். லென்ஸைக் கழற்றினார். பேட்டரி மூடியைத் திறந்து கவுன்ட்டர் கண்ணாடிமேல் மெல்லத் தட்டினார்.

டிக். டிக். டிக்.

மூன்று கல் விழுந்தது. ஒன்று உருண்டு பில்மேல் போய் நின்றது.

“காத்துல வந்த உப்பா சார்?” மெக்கானிக் குரலில் கேலி இல்லை, மரியாதையாகவே கேட்டார். அதுதான் கொடுமை. அண்ணன் சரி என்று தலையாட்டியிருந்தால் போதும். புதுக் கேமரா கைக்கு வந்திருக்கும்.

அண்ணன் அந்தக் கல்லை எடுத்து விரல்களுக்கிடையே உருட்டினார். இருபது வருஷம் உப்பு எடை போட்ட கை.

“காத்துல வர்றது மாவாட்டம் இருக்கும். கல்லுப்பு பறக்காது.” என் பக்கம் திரும்பினார். “இது சாக்குல கெடந்த உப்பு.”

நான் தரையைப் பார்த்தேன். அவர் கவுன்ட்டரைப் பார்த்துக் கைகூப்பினார்.

“மன்னிச்சிக்கோம்மா. கம்ப்ளெயின்ட்ட வாபஸ் வாங்கிக்கறேன்.”

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட் காலியாக இருந்தது. அவர் மரக்காணம்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார்.

அதற்கப்புறம் என்னோடு பேச்சு இல்லை. எடைச் சீட்டை இரண்டு விரல்களால் ஜன்னலுக்கு வெளியே நீட்டுவார், நர்ஸ் மருந்து கொடுப்பது மாதிரி. வேண்டுமென்றே ஒரு எலெக்ட்ரிக் கெட்டில் வாங்கி, பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் ஜன்னலுக்கு முன்னால் நான்குமுறை நடந்தேன். “பில்லு இருக்குதா?” என்று கேட்கவில்லை. எங்கள் வீட்டில் யாரும் வெந்நீர் குடிப்பதில்லை.

அதையும் தாங்கிக்கொள்ளலாம். ஒரு நாள் கிளியனூரிலிருந்து ஒருவர் ஓடாத கிரைண்டரை டிவிஎஸ் வண்டியில் கட்டிக்கொண்டு வந்து நின்றார். அண்ணன் ஜன்னல் வழியாகவே சொல்லி அனுப்பினார்:

“வேற யாரயாச்சும் பாருங்க. என் பேச்சு இனிமே செல்லாது.”

கிரைண்டரோடு அந்த ஆள் திரும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு மனிதரை நான் கழற்றிப் போட்டுவிட்டேன். திரும்ப மாட்டத் தெரியவில்லை. மேனுவலும் கிடையாது.

நேரில் மன்னிப்புக் கேட்டால் ஜன்னல் கதவைச் சாத்திவிடுவார். வாய்வார்த்தைக்கு அவரிடம் எப்போதும் மதிப்பில்லை. எழுத்து வேண்டும், கீழே சீல் வேண்டும். எனவே அவருடைய பாணியிலேயே ஒரு கடிதம் எழுதினேன். பொருள்: பொய் சொன்னது தொடர்பாக. பார்வை: மூன்று கல் உப்பு. கேமராவை வாய்க்காலில் போட்டது நான், சாக்கில் புதைத்தது நான், மறைத்ததும் நான். உடன் வந்தவருக்கு எதுவும் தெரியாது, அவர் பேச்சை எப்போதும்போல மதிக்கவேண்டும் என்று முடித்திருந்தேன். அதை எடுத்துக்கொண்டு பாண்டிச்சேரிக்குத் தனியாகப் போனேன்.

கவுன்ட்டர் அம்மா முழுவதும் படித்தார். சிரிப்பை அடக்க இருமினார்.

“இது எங்களுக்குத் தெரியுங்க சார். அன்னிக்கி அவரு மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சிது. ஏன் அவரு இப்பல்லாம் வர்றதே இல்ல?”

“அதுக்குத்தாங்க வந்திருக்கறேன். கீழ ஒரு சீல் வெச்சிக் குடுங்க.”

“இதுக்கெல்லாம் சீல் வெக்கலாமான்னு தெரியலயே.”

“வைங்கம்மா. ஒருத்தர் பேச ஆரம்பிக்கணும்.”

அவர் மெக்கானிக்கைப் பார்த்தார். மெக்கானிக் தலையாட்டினார். ‘பெற்றுக்கொள்ளப்பட்டது’ என்று நீலத்தில் அழுத்தமாக விழுந்தது சீல். அதன் பக்கத்தில் அந்த அம்மா தானாகவே ஒரு வரி எழுதினார்: சாரை வரச் சொல்லவும்.

சாயங்கால பஸ்ஸில் மரக்காணம் வந்து இறங்கியதும் பொறுமையில்லை. டீக்கடை பெஞ்சில் கடிதத்தை விரித்து, பறக்காமல் கிளாஸை மேலே வைத்து, செல்போனில் படம் எடுத்து அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு டிக் விழுந்தது. நீலமானது. டைப் செய்கிறார் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. டீ ஆறியது. நாற்பத்தைந்து வயதில் பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறவனைப்போல உட்கார்ந்திருந்தேன்.

பதில் வந்தது.

“லென்ஸ தொடச்சிட்டு எடு.”