கத்திரி வெயிலில் ஒரு ஹீட்டர்

ஹீட்டர் சூடாகவில்லை என்பதுதான் பிரச்சினை. கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கும் மே மாதத்தில், விராலிமலையில், ஒரு தகர வேனுக்குள் சட்டை தொப்பலாக நனைய உட்கார்ந்துகொண்டு ஒரு மனிதர் இதைப் பிரச்சினை என்று சொன்னால் அவரை என்ன செய்வது? ஒன்றும் செய்வதற்கில்லை. அவர் பெயர் உதயசூரியன்.

"அருளு, கையை வச்சுப் பாரு. சூடா வருதா?"

எலக்ட்ரீஷியன் அருள்தாஸ் கட்டிலுக்கு அடியில் காற்று வரும் ஓட்டையில் கையை வைத்தான். எடுத்தான். மறுபடி வைத்தான்.

"எங்கிட்டுத் தொட்டாலும் சூடாத்தாண்ணே இருக்கு. இதுல வாரதா, வெளிய இருந்து வாரதான்னுதான் வெளங்கல."

"நல்லாப் பாருடா. இன்னிக்குப் பால் காய்ச்சுறோம். மச்சான் குடும்பத்தோட வாராரு. ஹீட்டர் ஓடலன்னா மானம் போயிரும்."

உதயசூரியன் குவைத்தில் இருபது வருடத்துக்கு மேல் டிரைவர். போன தீபாவளியோடு மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டார். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. வந்த கையோடு அவர் வாங்கியது, ஒரு காலத்தில் கல்யாண வீடுகளுக்கு அண்டா குண்டா ஏற்றிய ஒரு பழைய மெட்டடார் வேன். அதற்குள் கட்டில் போட்டார், அடுப்பு வைத்தார், பாத்திரம் கழுவத் தொட்டி வைத்தார். அந்த ஓடும் வீட்டில் மனைவி கலைமதியை ஏற்றிக்கொண்டு மணாலிக்குப் போய்ப் பனி காட்ட வேண்டும். அவ்வளவுதான் ஆசை. இத்தனை வருடம் போனிலேயே குடும்பம் நடத்தியாகிவிட்டது. மிச்சத்தையாவது பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நடத்தலாமே என்று அவருக்கு இருந்தது. இருக்காதா பின்னே?

கலைமதி வர மாட்டேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். "மெத்தை மெலிசா இருக்குங்களே" என்றாள். தடிமனாகப் போட்டார். "ஜன்னலுக்குத் திரை வேணுமேங்க" என்றாள். திரை வந்தது. "கொசு வலை?" வலையும் வந்தது. இனிமேல் கேட்பதற்கு எதுவும் இல்லை என்று அவர் நிம்மதியாகப் பெருமூச்சு விட்ட அன்று சாயங்காலம், "பனி மலைக்கு இல்ல போறோம், எனக்குக் குளிரே ஆகாதுங்க. வண்டிக்குள்ள ஹீட்டர் இருந்தாத்தான் வருவேன்" என்றாள்.

மனிதர் அசரவில்லை. வண்டி நிற்கும்போதும் எரியும் டீசல் ஹீட்டரை நெட்டில் தேடிப் பிடித்து ஆர்டர் போட்டார். டேங்கிலிருந்து சொட்டுச் சொட்டாக டீசல் குடித்து எரிந்து, புகையைக் குழாய் வழியே வெளியே தள்ளிவிட்டு, சூட்டை மட்டும் உள்ளே ஊதும் சாமான் அது. பார்சல் வரத் தாமதமானதில் கலைமதிக்கு ஒரு வருத்தமும் இல்லை. "மெதுவா வரட்டுங்க, என்ன அவசரம்?" என்றாள். பார்சல் வந்தது. தரையில் ஓட்டை போட்டார்கள். ஓட்டை வண்டியின் இரும்புச் சட்டத்தில் முட்டியது. பக்கத்தில் இன்னொன்று போட்டார்கள். ஒருவழியாக மாட்டி முடித்ததும், "கட்டில் இருக்கு, அடுப்பு இருக்கு. அப்ப இது வீடுதானே? பால் காய்ச்சாம எப்படிங்க படுக்கிறது?" என்றாள்.

அதற்குத்தான் இன்றைக்கு நாள் பார்த்திருந்தது.

அருள்தாஸ் ஹீட்டரின் டிஸ்பிளேயைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். பிறகு சிரித்தான்.

"அண்ணே, இதுலயே வெப்பம் பாக்குற சென்சாரு இருக்கு. உள்ள முப்பத்தொம்பதுன்னு காட்டுது. நாம வைக்கிற அளவு முப்பத்தஞ்சுக்கு மேல ஏற மாட்டேங்குது. அதான் 'இதுக்கு மேல ஒனக்கு எதுக்கு சூடு'ன்னு அது பாட்டுக்கு சும்மா இருக்கு. மெஷினுக்கு இருக்கிற அறிவு..." என்றவன் அண்ணன் முகத்தைப் பார்த்து அதோடு நிறுத்திக்கொண்டான்.

"அப்ப இத எப்படித்தான் டெஸ்ட் பண்றது?"

"குளிரணும்ணே. நம்ம ஊருல குளிரு மீன் வண்டியிலதான் கெடைக்கும்."

மணமேல்குடியிலிருந்து மீன் கொண்டுவரும் ராசு அந்த நேரம் கடைவீதி முனையில்தான் நிற்பான். உதயசூரியன் வேனைக் கிளப்பினார். பாலும் பூவும் வாங்க வேண்டும் என்று கலைமதியும் ஏறிக்கொண்டாள்.

குவைத்தில் வண்டிகள் சாலையின் வலது பக்கமாக ஓடும். இங்கே இடது பக்கம். இது உதயசூரியனின் மூளைக்கு நன்றாகத் தெரியும். கைக்குத்தான் இன்னும் யாரும் சொல்லவில்லை. அதுவும் அவசரம் என்று வந்துவிட்டால் கை நேராகக் குவைத்துக்குப் போய்விடும். பால் வாங்கித் திரும்பிய வேன் வலது பக்கம் ஏறி ஜம்மென்று போனது. எதிரே டவுன் பஸ் வந்தது. பஸ் கிரீச்சிட்டு நின்றது. டிரைவர் பாதி உடம்பை வெளியே நீட்டினார்.

"யோவ்! வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?"

"வீட்டையே கூட்டிட்டு வந்திருக்கேன்யா!" என்று பதிலுக்குக் கத்தினார் உதயசூரியன். பிறகு மனைவியிடம் திரும்பி, "பாத்தியா கலை, எதுத்தாப்புல வாரான்! நம்மாளுகளுக்கு ரோடு சென்ஸே கெடையாது" என்று சலித்துக்கொண்டார்.

கலைமதி இறுக்கிப் பிடித்ததில் பால் பாக்கெட் உடைந்து மடியெல்லாம் பால். வேறு பாக்கெட் வாங்கினார்கள்.

ராசு ஒரு தெர்மாகோல் பெட்டி நிறைய ஐஸ் அள்ளிப் போட்டான். "மீனு எதும் வேணாமா மாமா? வெறும் ஐஸா?" என்று கேட்டவன், "ஹீட்டருக்குப்பா" என்ற பதிலைக் கேட்டு அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டு வாசலுக்கு வந்ததும் அருள்தாஸ் வேலையில் இறங்கினான். டிஸ்பிளேயை ஒயரோடு ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டி, ஐஸ் பெட்டியில் புதைத்தான். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு கட்டிலுக்கு அடியில் 'டிக் டிக்' என்றது. அப்புறம் ஒரு உறுமல். மணாலிக்கு வந்துவிட்டோமே, யாருமே சொல்லவில்லையே என்று ஹீட்டர் நினைத்ததோ என்னவோ, குபுகுபுவென்று அனல் கக்க ஆரம்பித்தது.

"ஓடுது! ஓடுதுடா அருளு!" உதயசூரியனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. வியர்வையா கண்ணீரா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

சரியாக அந்த நேரம் பார்த்துக் கலைமதியின் அண்ணன் குணசேகரன் பட்டு வேட்டியில் வந்து இறங்கினார். கூடவே மனைவி ரஞ்சிதா, கையிலிருந்த தட்டில் மஞ்சளும் கல் உப்பும்.

குணசேகரன் வேனைச் சுற்றி வந்தார். "எல்லாம் சரி மாப்ள. வாசப்படி எந்தத் திசை?"

"வேனுக்கு எது மச்சான் திசை? திருப்புனா திரும்பும்."

"அப்பத் திருப்புங்க. மேற்க பாத்துப் பால் காய்ச்சினா வெளங்குமா?"

நியாயம்தான். உதயசூரியன் முன்னால் எடுத்து, பின்னால் எடுத்து, வேலியில் ஒருமுறை இடித்து, பக்கவாட்டுக் கதவு கிழக்கே பார்க்கும்படி நிறுத்தினார். எல்லோரும் கதவுப் படிக்குக் கீழே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனார்கள். வீட்டுக்குள் செருப்போடு போவது என்ன பழக்கம்? ஹீட்டரின் புகைக்குழாய் அந்தப் படிக்கு அடியில்தான் முடிகிறது என்பது அந்த நிமிடம் அருள்தாஸுக்கே ஞாபகம் இல்லை. அவனுடைய செருப்பும் அங்கேதான் கிடந்தது.

உள்ளே ஐந்து பேர். கலைமதி அடுப்பைப் பற்றவைத்தாள். ரஞ்சிதா சாமி கும்பிட்டாள். குணசேகரனின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"என்ன மாப்ள, இம்புட்டு வேகுது?"

"ஹீட்டர் மச்சான்!" உதயசூரியன் பெருமையாக நெஞ்சை நிமிர்த்தினார். "கைய வச்சுப் பாருங்க."

"ஊருக்குள்ள ஒரு சூரியன் போதாதுன்னு உங்கப்பா உங்களுக்கு அந்தப் பேர வச்சாரு. அதுவும் போதாதுன்னு நீங்க ஹீட்டரா? அமத்துங்க மாப்ள, உசுரு போகுது!"

உதயசூரியன் ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டு பட்டனை அமுக்கினார். இந்த வகை ஹீட்டரை அணைத்தால், தன் உடம்புச் சூடு ஆறும்வரை கொஞ்ச நேரம் அது இன்னும் வேகமாக ஊதிவிட்டுத்தான் ஓயும். அதைச் சொல்லும் காகிதம் சீன மொழியில் இருந்தது. 'ஊஊ' என்று சத்தம் கூடியதும் அவர் பதறிப்போய் மறுபடி அமுக்கினார். ஹீட்டர் திரும்பப் பற்றிக்கொண்டது. மறுபடி அமுக்கினார். ஊதியது. இன்னொரு தடவை. பற்றியது.

"பேட்டரிய புடுங்குடா!"

"புடுங்கக் கூடாதுண்ணே, கருகிரும்!"

"நாங்க கருகுறோமேடா!" என்றார் குணசேகரன்.

அந்த அமளியில் ஐஸ் பெட்டி சாய்ந்தது. மீன் வாடை வேன் முழுக்கப் பரவியது. உருகிய தண்ணீர் குணசேகரனின் பட்டு வேட்டியில் ஏறியது. நல்லவேளையாகப் பால் மட்டும் யாரையும் எதிர்பார்க்காமல் பொங்கியது. "பொங்கிருச்சு, பொங்கிருச்சு!" என்று ரஞ்சிதா குலவையிட்டுக்கொண்டே வெளியே குதித்தாள். அவளுக்குப் பின்னால் எல்லோரும் குதித்தார்கள்.

கீழே செருப்பு இல்லை. செருப்பு இருந்த இடத்தில் ரப்பர் களி இருந்தது. சிமெண்டு வாசல் வெயிலில் கொதித்தது. பட்டு வேட்டியும் பட்டுச் சேலையுமாகக் கால் மாற்றிக் கால் மாற்றி எல்லோரும் வேப்பமர நிழலுக்கு ஓடியதைப் பார்த்த தெருக்காரர்கள், பால் காய்ச்சும் வீட்டில் என்ன கும்மாளம் என்று எட்டிப் பார்த்தார்கள்.

ஹீட்டரைத் தொட ஆள் இல்லாததால் அது தானாக ஆறி, தானாக அணைந்தது.

வேப்பமரத்தடியில் உதயசூரியன்தான் முதலில் பேசினார். குரல் உடைந்திருந்தது.

"வித்துடுறேன் கலை. நாளைக்கே இந்தச் சனியன வித்துடுறேன். மெத்தைன்ன, திரைன்ன, ஹீட்டருன்ன. எல்லாம் செஞ்சேன். ஒனக்கு என்கூட வர இஷ்டமில்லன்னா நேராச் சொல்லியிருக்கலாமே. நானும் பாதி ஆயுச அங்கிட்டே தொலைச்சுட்டேன். ஒனக்கு நான் ஒரு விருந்தாளி மாதிரிதான் தெரியுறேனோ என்னமோ."

சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த கலைமதிக்குச் சட்டென்று முகம் மாறியது. எழுந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அண்ணன் இருக்கிறார் என்றுகூடப் பார்க்காமல் அவர் கையைப் பிடித்தாள்.

"என்னங்க பேச்சு இது? எனக்கு மட்டும் ஆசையில்லையா? நீங்க திரும்பி வாரதுக்கு எத்தன கோயிலுக்கு நேர்ந்திருக்கேன் தெரியுமா? பனியென்ன, ஒங்ககூட இலுப்பூர் சந்தைக்குப் போறதுன்னாலும் எனக்கு சந்தோசந்தான்."

"பொறவு எதுக்கு இத்தன சாக்கு?"

கலைமதி அண்ணனைப் பார்த்தாள். அருள்தாஸைப் பார்த்தாள். அவர் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது என்று தேடுகிற முகம் அது.

அதற்குள் தெருமுனையிலிருந்து ஒரு ஸ்கூட்டர் வேகமாக வந்து வேப்பமரத்தடியில் நின்றது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டிரைவிங் ஸ்கூல் நடத்தும் வனிதா. பால் காய்ச்சுவதற்குக் கூப்பிட்டிருந்தார்கள், தாமதமாக வருகிறாள் போலிருக்கிறது என்று உதயசூரியன் நினைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாம்மா, வா" என்றார். வனிதா ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. முகமெல்லாம் சிரிப்பு. நேராகக் கலைமதியிடம் ஓடினாள்.

"அக்கா, டெஸ்ட்ல பாஸாயிட்டீங்க, லைசென்ஸ் ஓகே ஆயிருச்சு! இனிமே மணாலி வரைக்கும் வண்டிய நீங்களே ஓட்டலாம், அண்ணனுக்குப் புதுசு புதுசா வேலை கண்டுபிடிச்சுக் குடுக்கவே வேணாம்!"