மாமனாருக்கு ஒரு காரைத் தரை

சிமெண்டு மூட்டையைத் தூக்கப் போன கொத்தனார் உக்கிரபாண்டி, தூக்காமல் அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

“சாமி, இது சிமெண்டு இல்ல. திண்டு. சாஞ்சு படுத்துக்கிறலாம்.”

வீட்டுக்காரர் பிச்சுமணி குனிந்து மூட்டையைக் குத்திப் பார்த்தார். கைதான் வலித்தது. சிமெண்டுத் தட்டுப்பாட்டில், பெர்மிட்டுக்கு ஆபீஸ் ஆபீஸாக அலைந்து வாங்கிய மூட்டை அது. யாரும் அடித்துக்கொண்டு போய்விடக் கூடாதே என்று, பெயர்த்துப் போட்டிருந்த குளியலறைத் தரையின் மூலையிலேயே ஒளித்து வைத்திருந்தார். ஈரம் கீழிருந்து ஏறி, மூட்டை பாறையாகிவிட்டது.

“போச்சு! மாமாவுக்கு என்ன பதில் சொல்லுவேன்?” என்று தலையில் கைவைத்துக்கொண்டார்.

மாமா என்றால் மாமனார் ஹாலாஸ்யம், ரிட்டயர்ட் தாசில்தார். அவர் கோபத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் இந்தக் கதை முடியாது. காப்பி சூடாக இருந்தால் ‘நாக்கைப் பொசுக்கவா?’ என்பார், ஆறியிருந்தால் ‘எனக்கென்ன திவசமா?’ என்பார். போனமுறை வந்தபோது இந்தக் குளியலறைப் பாசியில் வழுக்கி விழுந்து, ஈர வேட்டியோடேயே ரயிலேறி மூத்த மாப்பிள்ளை வீட்டுக்குத் திருநெல்வேலி போய்விட்டார். அதன் பிறகு மகள் ஸ்யாமளா எத்தனை கடிதம் போட்டும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இப்போதுதான் மனமிரங்கி, சித்திரைத் திருவிழாவுக்கு வருவதாக எழுதியிருந்தார். ‘தரை சரியில்லையென்றால் அடுத்த வண்டியில் கிளம்பிவிடுவேன். அதுவே கடைசி’ என்று அடிக்கோடு வேறு.

ஸ்யாமளா அந்த வரியை இரண்டு தரம் படித்தாள். “அப்பா ஒரு வாரம் நம்மாத்துல இருந்தாப் போதும்னா” என்று மட்டும் சொன்னாள். பிச்சுமணிக்கு அது போதும். பெண்டாட்டிக்காக மலையைக் கூடப் புரட்டுவார். என்ன, எந்தக் கடப்பாரை நல்லது என்று முதலில் ஊர் முழுக்க விசாரிப்பார்.

அப்படித்தான் விசாரித்தார். சிமெண்டு ஒரு பங்கு, மணல் மூன்று என்றார் ஆபீஸ் சூப்பிரெண்டு. மூன்று போட்டால் வெடிக்கும், ஆறு போடு என்றார் கேஷியர். இரண்டுமே அவருக்கு ரொம்ப நியாயமாகப் பட்டது. இப்போது சிமெண்டே இல்லை.

“எதுக்கு சாமி கவலை?” என்று உக்கிரபாண்டி மூட்டையிலிருந்து எழுந்து மீசையைத் தடவினார். “சுண்ணாம்புக் காரையில போட்டுருவோம். ராசா கட்டுன மகாலு எதுல நிக்குது? சிமெண்டுலயா? எங்க பாட்டன் பூட்டன் அரைச்ச காரையிலதேன் நிக்குது. தரை போட்டம்னா, உங்க மாமனாரு மட்டுமில்ல, அழகரோட யானையே வந்து குளிச்சுட்டுப் போகலாம்.”

அடக்கம் என்பதே உக்கிரபாண்டியின் பரம்பரையில் கிடையாது. ஆனால் வேலை என்று வந்துவிட்டால் அந்தக் கைக்குக் கோயில் கட்டலாம். அதையும் அவரேதான் சொல்லிக்கொள்வார்.

“காரைக்கு என்னப்பா வேணும்?”

“சுண்ணாம்பு, மணல், செங்கல்பொடி எல்லாம் நம்ம சித்தாளு பாண்டியம்மா அரைச்சுரும். நீங்க ஒண்ணு செய்யணும். கடுக்காயத் தட்டி, வெல்லத்தோட பானைத் தண்ணியில ஊறப்போடுங்க. அதுதேன் காரைக்கு உசுரு. வெயிலு படக்கூடாது, சூடேறுனா வீணாப் போயிரும்.”

பிச்சுமணி பக்தியோடு கேட்டுக்கொண்டார். புதுப் பானை வாங்கி, கடுக்காயை அவரே அம்மியில் நசுக்கி, வெல்லத்தைக் கரைத்து, வீட்டிலேயே குளிர்ச்சியான இடமாகப் பார்த்து அடுக்களை மூலையில் வைத்தார். தினம் ஆபீஸிலிருந்து வந்ததும் சட்டையைக் கூடக் கழற்றாமல் மூடியைத் திறந்து நலம் விசாரித்தார். ஒரு மனுஷன் இவ்வளவு சிரத்தையாக எதைச் செய்தாலும் உருப்படத்தான் வேண்டும்.

ஆனால் கடுக்காய் ஊறியதே தவிரக் கொத்தனாரைக் காணோம்.

“அழகர் மலையவிட்டு இறங்குறப்ப எவனாச்சும் கரண்டியத் தொடுவானா சாமி?” என்று, ஆள்விட்டுக் கூப்பிட்ட பிறகு உக்கிரபாண்டி வந்து நின்றது, அழகரை ஊரே எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவை அன்று காலையில். அவர்கள் குடியிருந்த தல்லாகுளமே கூட்டத்தில் திணறிக்கொண்டிருந்தது. மாமனார் வரப்போவதும் அன்றைக்குத்தான்.

“சாயந்திரம் வந்துடுவாரே! அதுக்குள்ள காயுமா?”

“சாயந்திரமா? காரை சாமி இது! பத்து நாளைக்குக் கால் வைக்கப்படாது.”

“அடப்பாவி! கக்கூஸுக்கு இந்தக் குளியலறை வழியாத்தானே போகணும்!”

“ரெண்டு பக்கமும் செங்கல்ல வச்சு, மேல பலகை போட்டுத் தாரேன். நீங்க அதுமேல நடங்க. பலகையத் தாண்டி மட்டும் ஒரு விரலு படக்கூடாது.”

வேறு வழியில்லாமல் பிச்சுமணி தலையாட்டினார். பாண்டியம்மாள் அடுக்களை மூலையிலிருந்து பானையைத் தூக்கிக்கொண்டு போனாள். உக்கிரபாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

அந்த வேலையைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். கரண்டி ஒருமுறை போய் வந்தால் காரை வெண்ணெய் மாதிரி படிந்தது. அதன்மேல் தரைக் கல்லை வைத்து, கட்டைவிரலால் ஒரு தட்டு தட்டினால் மட்டம் தானாக வந்தது. பிச்சுமணி ஆபீஸுக்கு லீவு சொன்னது வீண்போகவில்லை என்று வாயைத் திறந்தபடி நின்றார். கடைசிக் கல்லும் உட்கார்ந்து, பலகையும் போட்டாயிற்று. வாசலில் ஜட்கா வந்து நின்ற சத்தம் கேட்டது.

“அப்பா முன்னாடியே வந்துட்டா!” என்று ஸ்யாமளா ஓடினாள்.

ஹாலாஸ்யம் உள்ளே வந்தார். பின்னாலேயே அவர் மனைவி பட்டு, வழக்கம்போல் ஒன்றும் பேசாமல் வந்தாள்.

“என்ன ஊர் இது? என்ன கூட்டம் இது? அந்த வண்டிக்காரன் ஒரு தடியன்!” என்று நாற்காலியில் விழுந்தார். “தரை போட்டாச்சா இல்லையா?”

“போட்டாச்சுப்பா. முதல்ல பானகம் குடிங்கோ” என்று ஸ்யாமளா டம்ளரை நீட்டினாள். எதிர்சேவைக்கு வருகிற ஜனங்களுக்குக் கொடுப்பதற்காகக் காலையில் அவள் பானகம் கரைத்து வைத்திருந்தாள். சுவாமிக்குக் காட்டியாகிவிட்டது, முதல் டம்ளர் அப்பாவுக்கு.

இங்கே குளியலறை வாசலில் உக்கிரபாண்டி கையை மோந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“சாமி, உங்க வீட்டுக் காரை மாதிரி நான் பார்த்ததே இல்ல. ஏலக்கா வாசம் வருதே! சுக்கு வேறயா? ஐயர் வீட்டு ஆளுக, காரைக்குக் கூட ருசி பார்த்துத்தேன் கலக்குவீக போல!”

பிச்சுமணி அந்தக் கையை இழுத்துத் தானும் மோந்து பார்த்தார். பானகம் சூடேறாமலிருக்க ஸ்யாமளா தன் புதுப் பானைக்கு ஈரத்துணி சுற்றி அடுக்களை மூலையில் வைத்ததைக் காலையில் பார்த்திருந்தார். நல்ல யோசனையாக இருக்கிறதே என்று, கடுக்காய்ப் பானைக்கும் அதேபோல் ஒரு ஈரத்துணியைச் சுற்றிப் பக்கத்திலேயே நகர்த்தி வைத்திருந்தார். சுவாமிக்குப் படைக்கிற வஸ்துவை முன்னால் நாக்கில் வைத்துப் பார்க்கிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது.

கூடத்துக்கு ஓடினார். மாமனார் மூன்றாவது டம்ளரைக் கீழே வைத்துக்கொண்டிருந்தார்.

“துவர்க்கிறது. பானகம் பண்ணக் கூடத் தெரியலை” என்றார். “வெயிலுக்கு இதம், அதனால குடிச்சேன்.”

பிச்சுமணி பாய்ந்து போய்ப் பானையை மறைத்துக்கொண்டு நின்றார். “ஸ்யாமளா, வாசல்ல யாருக்கும் குடுத்துடாதே!”

“ஏன்னா? என்ன ஆச்சு?”

அவள் காதில் சொன்னார். அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிச்சுமணி எல்லாத் தெய்வத்துக்கும் வேண்டிக்கொண்டார். பிறகு ஹாலாஸ்யம் பேச்சை நடுவில் நிறுத்தினார். எழுந்தார். “எங்கே?” என்று ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார்.

“அந்தப் பக்கம் மாமா, பலகைமேலே பார்த்து…”

பலகையாவது பார்ப்பதாவது! ஈரத் தரையில் சதக் சதக் என்று சத்தம் கேட்டது. உக்கிரபாண்டி நெஞ்சில் கைவைத்து, “ஐயோ, என் தரை!” என்றார்.

ஹாலாஸ்யம் திரும்பி வந்தார். உட்காருவதற்குள் மறுபடி ஓடினார். அதற்கப்புறம் எத்தனை தடவை என்று எண்ணுகிற தெம்பு அங்கே யாருக்கும் இல்லை. கல்லெல்லாம் பெயர்ந்து, குளியலறை நாற்று நடக் கலக்கிய வயல் மாதிரி ஆகிவிட்டது. ஸ்யாமளா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவள் அழுவதைப் பிச்சுமணியால் தாங்க முடியவில்லை.

கடைசியில் ஹாலாஸ்யம் முழங்கால்வரை காரையோடு கூடத்துக்கு வந்து நின்றபோது, பிச்சுமணி முன்னால் போய்க் கைகட்டி நின்றார்.

“மாமா, எல்லாம் என் தப்பு. நீங்க குடிச்சது பானகம் இல்லை, காரைக்கு ஊறப்போட்ட கடுக்காய்த் தண்ணி. தரையும் போச்சு. என்னைத் திட்டுங்கோ, அடிங்கோ, ஆனா இன்னிக்கே கிளம்பிடாதீங்கோ. ஸ்யாமளா தாங்கமாட்டா.”

ஹாலாஸ்யம் அவரைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து, நீளமாக மூச்சுவிட்டார்.

“கிளம்பறதா? யார் சொன்னா? ஏன்டி ஸ்யாமளா அழறே? கண்ணைத் துடைச்சுக்கோ. கொத்தனாரே, பிரமாதமான வேலைய்யா! காலுக்கு என்ன ஜில்லுனு இருக்கு!” என்று சொல்லி, வாய்விட்டுச் சிரித்தார்.

அந்த வீட்டில் யாரும் அந்தச் சிரிப்பைக் கேட்டதில்லை. உக்கிரபாண்டிக்கு மட்டும் அந்தப் பாராட்டு நியாயமாகவே பட்டது.

பட்டு மெதுவாக எழுந்து வந்து, மாப்பிள்ளையைத் தூண் பக்கம் அழைத்துப் போனாள்.

“தரையை மெதுவாப் போட்டுக்கலாம் மாப்பிள்ளை, அந்தத் தண்ணியை முதல்ல இன்னொரு பானை ஊறப்போடுங்கோ. கல்யாணமான நாளா இவருக்குக் கோபம், கோபம்னு நடுங்கிண்டே குடித்தனம் பண்ணிட்டேன். பாவம், மனுஷனுக்கு வெறும் மலச்சிக்கல்!”