நெத்திலிக்குப் போன மரகதநாச்சி

திருவொற்றியூர்,
ஆடி மாதம், 2003.

கும்மிடிப்பூண்டியில் மகன் வீட்டில் இருக்கும் என் உடன்பிறந்த மங்கம்மா அக்காவுக்கு, தம்பி கிருஷ்ணப்பன் இங்கிருந்தபடியே உன் காலில் விழுந்து எழுதுவது. இங்கே நானும் சொக்கம்மாளும் சுகம். அங்கே உன் சுகத்துக்கும், வெற்றி, மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லார் சுகத்துக்கும் வடிவுடையம்மன் துணையாக இருக்க வேண்டும். காலில் விழுந்து என்று எழுதியதை வழக்கமான மரியாதை என்று நினைத்துத் தாண்டிப் போய்விடாதே. இந்தத் தடவை நிஜமாகவே விழ வேண்டியிருக்கிறது.

உன் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாகவும், இனிமேல் படிக்கலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டதாகவும், மரகதநாச்சி தொடர்கதையை முதல் வாரத்திலிருந்து மறுபடி படிக்கப் போவதாகவும், ஞாயிற்றுக்கிழமை வெற்றி வருவான், ஐந்து வால்யூமையும் சாக்கில் கட்டிக் கொடுத்துவிடு என்றும் எழுதியிருந்தாய். முதல் தடவை படித்தபோது சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கியது. இரண்டாவது தடவை படித்துவிட்டுக் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவைத்தேன். சொக்கம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு அக்காவுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று பதறினாள். அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆகப்போவதெல்லாம் எனக்குத்தான் என்றேன்.

அந்த ஐந்து வால்யூம் எப்படி வந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் நான் செய்ததன் அளவு எனக்குத் தெரியும் என்று நீ நம்ப வேண்டும். வாரா வாரம் பத்திரிகையில் மரகதநாச்சி வந்த பக்கங்களை மட்டும் நீ கிழித்துப் பெட்டியில் சேர்ப்பாய். பெட்டி நிறைந்ததும் பாஸ்கர் மாமா கரையில் உட்கார்ந்து, வலைக்குப் போடும் நைலான் நூலை வலை ஊசியில் கோர்த்து, படகுப் பாயின் கிழிந்த துணியை அட்டைக்கு வைத்துத் தைத்துக் கொடுப்பார். இது கடல்ல வுழுந்தாக்கூட பிரியாது மங்கா என்பார். பிள்ளையாக இருந்தபோது வெற்றி, படத்தில் இருந்த மரகதநாச்சிக்குப் பேனாவால் மீசை போட்டு, உன்னிடம் துடைப்பத்தால் வாங்கியதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. மாமா காலமாகி, நீ மகன் வீட்டுக்குப் போனபோது, அங்கே இடம் போதாது, இதை உன்னை நம்பி விட்டுப் போகிறேன் கிருஷ்ணப்பா என்று சொல்லிவிட்டுப் போனாய். என்னை நம்பி.

நான் கெட்ட எண்ணத்தில் எதையும் செய்யவில்லை அக்கா. கம்பெனியில் விருப்ப ஓய்வு என்று பெயர் வைத்து, என் விருப்பத்தைக் கேட்காமலே வீட்டுக்கு அனுப்பியதிலிருந்து எனக்குப் பகலெல்லாம் வேலை இல்லை. தேரடிப் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் அமீருதீனிடம் போய் உட்கார்ந்திருப்பேன். பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது ஒரு வால்யூமை எடுத்து மூக்கு வரைக்கும் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியாமல், சும்மா பக்கங்களைத் தடவித் தடவித் திருப்பிக்கொண்டிருந்தாய் அல்லவா. ஆபரேஷன் என்றாலே அப்போது நீ அழுவாய். அந்தத் தடவல் எனக்குத் தாங்கவில்லை. அமீருதீனிடம் சொன்னேன். அவன் மேசையிலிருந்து ஒரு சிடியை எடுத்து என் முகத்துக்கு நேராகப் பிடித்து, “மாமு, இனிமேட்டு பொஸ்தகமே கெடியாது, எல்லாம் இந்தத் தட்டுதான். உங்க அக்காவுக்கு டிவியில ஒவ்வொரு எழுத்தும் இட்லி சைசுல காட்டலாம்” என்றான். அக்கா, அந்தத் தட்டில் என் முகம் நன்றாகத் தெரிந்தது. அப்போதே உற்றுப் பார்த்திருந்தால் அதில் இருப்பது யார் என்று புரிந்திருக்கும்.

பக்கங்களை ஸ்கேனர் என்ற மிஷினில் கவிழ்த்துப் படம் எடுக்க வேண்டும். மாமா தைத்த வால்யூமை அதில் வைத்தால் மூடி மூடவில்லை. தையல் ஓரத்து எழுத்தெல்லாம் கறுப்பாகி வளைந்து போயிற்று. தையலை அறுத்துத் தாள் தாளாக ஆக்கினால்தான் நடக்கும் என்றான் அமீருதீன். நானும் அவனும் ஐந்தையும் யானைக்கவுனியில் ஒரு அச்சகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கட்டிங் மிஷின்காரர் முதல் வால்யூமை வைத்து இழுத்தார். கத்தி நடுவில் நின்றுவிட்டது. மறுபடி இழுத்தார், கத்தி மழுங்கிவிட்டது. வேறு கத்தி மாட்டிக்கொண்டு, “இத்த கட்னவன் யாருபா, பொஸ்தகத்த கட்னானா கப்பல கட்னானா” என்று கேட்டார். நான் சிரித்தேன் அக்கா. எங்க மாமா என்று பெருமையாகச் சொல்லிச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

அமீருதீன் படம் எடுத்து முடித்து, ஐந்து வால்யூமையும் ஒரே சிடியில் போட்டுக் கையில் கொடுத்தான். ஐந்து வால்யூம் சட்டைப் பையில் போய்விட்டது. தெருவெல்லாம் சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டு டிவியில் புத்தகம் ஓடப்போகிறது என்று கேள்விப்பட்டு, சினிமா பார்க்க வருகிற கூட்டத்தைவிடப் பெரிய கூட்டம் வந்து உட்கார்ந்துவிட்டது. சிடியைப் போட்டேன். எழுத்து இட்லி அளவில்தான் வந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் ஒரு தாளில் மூன்று வரி படிப்பதற்குள் அதுவே அடுத்த தாளுக்குப் போய்விடும். பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது, நீ படிச்சு சொல்லு நைனா என்றார்கள். நான் டிவி பக்கத்தில் நின்று, காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவன் மாதிரி மூச்சு விடாமல் படித்தேன். குதிரை வந்தது, ராஜா வந்தார், வாள் உருவினார், யாரோ அழுதார்கள், யார் என்று பார்ப்பதற்குள் வேறு ஊர் வந்துவிட்டது. ஆனாலும் முடிந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலில் எனக்குத் தலை கால் புரியவில்லை. மூட்டையாகக் கிடந்த தாள்களைக் காலால் தள்ளி, இனிமேல் இந்தக் குப்பை எதற்கு, எல்லாம் தட்டுக்குள்ளே இருக்கிறதே என்று கூட்டத்துக்கு முன்னால் சொன்னேன். காலால் தள்ளினேன் என்பதை எழுதாமல் விட்டிருக்கலாம். நீ தெரிந்துகொள்வதே நல்லது.

உன் கடிதம் வந்த பிறகுதான் சிடியைப் போட்டு, ரிமோட்டில் நிறுத்தி நிறுத்தி, பொறுமையாகப் படிக்க உட்கார்ந்தேன். ஒரு தாள் முடியும்போது மரகதநாச்சி சுரங்கத்துக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறாள், கழுத்தில் கத்தி. அடுத்த தாளில் அவள் ஊஞ்சலில் உட்கார்ந்து பால்பாயசம் குடிக்கிறாள். எழுதினவர் பெரிய ஆள்தான், எப்படித் தாண்டுகிறார் பார் என்று முதலில் வியந்தேன். அதற்கடுத்த தாளில் பாயசம் இல்லை, வேறு ஒருத்திக்குக் கல்யாணம். அப்புறம்தான் மூளை வேலை செய்தது. அமீருதீன் ஒவ்வொரு தாளிலும் ஒரு பக்கத்தை மட்டும்தான் படம் எடுத்திருக்கிறான். ஓடிப்போய்க் கேட்டால், “ஒரு பக்கம் முடிச்சி குடுத்தேன், நீ தாள் கட்ட திருப்பி எடுத்துகினு வருவ, மறுபக்கம் எடுக்கலாம்னு நான் குந்திகினு கீறேன். நீ தட்ட தூக்கிகினு பூட்ட, தெருவுக்கே படம் காட்டிட்ட. இதுல நான் இன்னா பண்றது” என்று என்னையே கேட்கிறான். அவன் சொல்வதிலும் நியாயம் இருந்ததுதான் எனக்கு ஆத்திரம்.

சரி, தாள்கள் இருக்கின்றனவே, மறுபக்கம் எடுத்துக்கொண்டால் போயிற்று என்று வீட்டுக்கு வந்து பார்த்தால் மூட்டையைக் காணோம். சொக்கம்மாள் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிட்டிருக்கிறாள். நான் வாயைத் திறப்பதற்குள், “நீதான ஊரக் கூட்டி வச்சி சொன்ன, எல்லாம் தட்டுக்குள்ள கீதுன்னு. அப்பால எதுக்கு வூட்டுல குப்ப” என்றாள். என் வார்த்தையையே எடுத்து என் தலையில் போட்டுவிட்டாள்.

பழைய பேப்பர்காரன் மூட்டையைப் பிரித்துப் பாதியைத் தேரடி பஜ்ஜிக் கடைக்கும் பாதியைக் கருவாடு விற்கிற மலருக்கும் கொடுத்துவிட்டான். பஜ்ஜிக் கடையில் போய் நின்றேன். அங்கே சாப்பிடுகிறவர்கள் எல்லாம் பஜ்ஜியை விட்டுவிட்டுத் தாளைப் படித்துக்கொண்டிருந்தார்கள். எண்ணூர் ரோட்டில்தான் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் நாள் கணக்கில் நிற்குமே, அந்த டிரைவர்கள் பஜ்ஜி வாங்கிப்போய், தாளை ஒரு வண்டியிலிருந்து அடுத்த வண்டிக்கு மாற்றி மாற்றிப் படித்திருக்கிறார்கள். ரோட்டில் நின்ற ஒரு டிரைவரிடம் மூன்று தாள் இருந்தது. எங்கள் அக்காவுடையது, கொடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் சீட்டிலிருந்து இறங்காமலே, “அந்தப் பொண்ணு சொரங்கத்துலேர்ந்து வெளில வந்துச்சா இல்லியா, அத்த மொதல்ல சொல்லு நைனா, பேப்பர குடுத்துடறேன்” என்றார். எனக்கே தெரியாதே அக்கா. வந்துவிட்டாள், பாயசம்கூடக் குடித்தாள் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். எப்படி வந்தாள் என்று பின்னாலிருந்த வண்டிக்காரர் கேட்டார். நான் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டேன். வரிசை நகர்ந்ததில் மீதித் தாள்கள் துறைமுகத்துக்குள் போய்விட்டன, சில ஆந்திராவுக்கே போயிருக்கலாம்.

மலரிடம் போனால், சும்மா தாள் தரமாட்டாள், கருவாடு வாங்கினால்தான் தாள். வாளையில் ஒன்று, நெத்திலியில் ஒன்று, சுறாவில் ஒன்று என்று வாங்கினேன். வீடு முழுக்கக் கருவாடு, தெருப் பூனைகள் எல்லாம் என் பின்னால். மிச்சத் தாளெல்லாம் எங்கே என்று கேட்டதற்கு, ரயிலில் கூடையோடு கொண்டுபோய் ஊர் ஊராக விற்றுவிட்டேன், எந்த ஊர் என்று யாருக்குத் தெரியும் என்றாள். மீட்டது ஒரு கைப்பிடி. அதிலும் எண்ணெய், அதிலும் கருவாட்டு வாடை.

அக்கா, தாள் போனால் போகட்டும் என்றுகூட நீ சொல்வாய், உன் மனசு எனக்குத் தெரியும். ஆனால் அது தாள் மட்டும் இல்லை. மாமா கையால் தைத்ததில் வலைகள் எல்லாம் கிழிந்து போய்விட்டன, படகையும் விற்றாயிற்று. அவர் தையல் என்று பாக்கி இருந்தது இந்த ஐந்தும்தான். அதைக் கத்தி வைத்து அறுத்தவன் நான். கடலில் விழுந்தாலும் பிரியாது என்று அவர் சொன்னார், கடல் ஒன்றும் செய்யவில்லை, தம்பிதான் செய்தான். அட்டைத் துணியும் அறுந்த நூலும் மட்டும் பரணில் இருக்கின்றன. எடுத்துப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. வெட்கமாக இருக்கிறது. தெருவில் இறங்கினால், மரகதநாச்சி இன்னா ஆனா என்று ஒவ்வொருத்தரும் கேட்கிறார்கள், அது ஒரு வெட்கம். ஆபரேஷன் முடிந்து நீ படிக்க ஆசைப்பட்டுக் கேட்கும்போது கொடுக்க ஒன்றும் இல்லாமல் நிற்கிறேனே, அதற்கு முன்னால் தெரு வெட்கம் ஒன்றுமே இல்லை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை வெற்றியை அனுப்பாதே. அவன் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது. இந்தக் கடிதத்தையும் அவனிடம் காட்டாதே, நீயே உன் புதுக் கண்ணால் படித்துவிட்டுக் கிழித்துப் போட்டுவிடு. இனிமேல் அமீருதீன் கடைப் பக்கம் காலெடுத்து வைக்கமாட்டேன், சிடியைக் கையால் தொடமாட்டேன் என்று வடிவுடையம்மன் மேல் சத்தியம் செய்கிறேன். பேரப்பிள்ளைகள் நன்றாகப் படித்து, தங்கள் அப்பனுடைய தாய்மாமன் வழியில் போகாமல் முன்னுக்கு வர வேண்டும். மருமகளுக்கு என் ஆசீர்வாதம். உன் கண்ணுக்கு ஒரு குறையும் வரக்கூடாது. சொக்கம்மாளும் உன்னை விசாரித்ததாக எழுதச் சொல்கிறாள், விசாரித்ததோடு நிறுத்திக்கொண்டாள், மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்.

உன் மன்னிப்புக்கு வாசலில் நிற்கும் தம்பி,
கிருஷ்ணப்பன்.

பின்குறிப்பு: கவரை ஒட்டிக்கொண்டிருக்கும்போதே வெற்றி வந்து நின்றுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் நீ பொறுக்கவில்லையாம். நான் பதறி எழுந்ததும், “இன்னா மாமா, பேஜாரா கீறியா” என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான். உங்கள் தெருவுக்கு நெத்திலி கொண்டுவருவது இதே மலர்தானாம். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து நீ புதுக் கண்ணால் முதல்முதலில் பார்த்தது நெத்திலி மடித்திருந்த தாளில் மீசையோடு இருந்த மரகதநாச்சியைத்தானாம். அவன் போட்ட மீசை அவனுக்கே தெரிந்துவிட்டதாம். அன்றிலிருந்து மலர் கூடையில் இருந்த தாளையெல்லாம் ஒன்றுவிடாமல் வாங்கிவைத்துவிட்டு, அதற்கப்புறம்தான் ஐந்து வால்யூமையும் சாக்கில் கட்டிக் கொடு என்று எனக்கு எழுதினாயாம், தம்பி என்ன சொல்கிறான் பார்ப்போம் என்று. நீ நல்லா இருக்க வேண்டும் அக்கா. இந்தக் கடிதம் எழுத எனக்கு ஒரு வாரம் தூக்கம் போயிற்று.

சேர்த்த தாள்களை ஒரு சாக்கிலும், மாமாவின் வலை ஊசியையும் ஒரு கண்டு நைலான் நூலையும் ஒரு பொட்டலத்திலும் வெற்றி கொண்டுவந்திருக்கிறான். நீ சொல்லி அனுப்பியதை அப்படியே சொன்னான்: “அறுத்தவனே தைக்கட்டும்னு அம்மா சொல்லுச்சு.” அட்டைத் துணியைப் பரணிலிருந்து அவன்தான் இறக்கிக் கொடுத்தான். லாரியோடு போன தாள்களில் ஒரு பக்கமாவது அமீருதீன் சிடியில் இருக்கிறது, பிரிண்ட் எடுத்து நடுவில் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறான். ஆகவே மேலே செய்த சத்தியத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே, இப்போது அங்கேதான் கிளம்பிக்கொண்டிருக்கிறேன். எழுதிவிட்ட கடிதம், கிழிக்க மனசில்லை, வெற்றி கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். அவன் முழுக்கப் படித்துவிட்டான்.

கிளம்புவதற்கு முன்னால், கிடைத்த தாள்களை வைத்து முதல் வால்யூமைத் தைத்துப் பார்த்தேன் அக்கா. கையில் எடுத்ததும் பிரிந்துவிட்டது. மறுபடி தைக்கிறேன்.